முப்பது எண்ணும் வரை

எண்பதுகளின் கடைசியில் ஆவடியில் நடமாடிய ஜீவராசிகளில், அமுக்கு அண்ணாத்தேயின் உடம்புக்கு அடியில் ஒரு தடவையாவது கிடக்காத ஜீவன் ஒன்றுகூடக் கிடையாது. மனுஷர்களை மட்டும் சொல்லவில்லை. சேக்காட்டுப் பக்கம் ஒருநாள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிய கிடாவைத் தெருவே துரத்திக்கொண்டு போக, எதிரே காய்கறிப் பையோடு வந்த இவர், பையைப் பத்திரமாக ஓரமாக வைத்துவிட்டு அப்படியே அதன்மேல் படுத்துவிட்டார். கிடாவின் சொந்தக்காரர் மூச்சிரைக்க ஓடிவந்து, "போதும் அண்ணாத்தே, வுட்டுருங்க" என்று கெஞ்சினார். "இருப்பா, முப்பது ஆவட்டும்" என்றவர், எண்ணி முடித்த பிறகுதான் எழுந்தார். அந்தக் கிடா அதற்கப்புறம் எங்கே போனாலும் நடந்துதான் போயிற்று.

அவருடைய நிஜப் பெயர் சம்பளச் சீட்டில் இருந்திருக்கும். நாங்கள் யாரும் பார்த்ததில்லை. பட்டாளத்துக்குக் கூடாரம் தைக்கிற தொழிற்சாலையில் அவர் தையல்காரர், நான் அதே ஷெட்டில் துணி வெட்டுகிறவன். அவருக்கு வயது முப்பத்தாறு, எடை தொண்ணூறு கிலோ. எனக்கு வயது இருபத்தெட்டு, எடை ஐம்பத்திரண்டு கிலோ, அதுவும் பூட்ஸ் போட்டுக்கொண்டு.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு பழைய புத்தகம். சென்ட்ரல் பக்கம் நடைபாதையில் வாங்கிவந்தார். ஜப்பான்காரர்களின் ஜூடோ சண்டை பற்றிய இங்கிலீஷ் புத்தகம். முதல் அறுபது பக்கத்தை எந்தக் கரையானோ தின்றுவிட்டிருந்தது. எதிராளியை எப்படிப் பிடிப்பது, எப்படித் தூக்கி எறிவது என்பதெல்லாம் கரையான் வயிற்றில். அறுபத்தோராம் பக்கத்தில் எதிராளி ஏற்கெனவே கீழே விழுந்து கிடந்தான். அவனை எப்படி அமுக்கி வைப்பது என்பதிலிருந்துதான் எங்கள் ஜூடோ ஆரம்பமாயிற்று. அகராதியை வைத்துக்கொண்டு நான் படித்துச் சொன்னதில் அவர் மனதில் கல்வெட்டாகப் பதிந்தது ஒரே விஷயம். ஆளைக் கீழே அமுக்கி முப்பது செகண்டு அசையவிடாமல் வைத்திருந்தால் ஆட்டம் நம்முடையது.

அன்றிலிருந்து மனுஷருக்கு உலகமே முப்பதாகிவிட்டது. கை குலுக்கினால் முப்பது எண்ணித்தான் விடுவார். யார் வீட்டுக் காலிங் பெல்லை அழுத்தினாலும் முப்பது. ஒருமுறை கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஆளையே கீழே அமுக்கி முப்பது எண்ணிவிட்டார். சிலிண்டர் பத்திரமாக இருந்தது.

தொழிற்சாலை மனமகிழ் மன்றத்தின் மூலையில் தேங்காய் நார் மெத்தை நான்கைப் போட்டு, அதற்குக் கெட்டித் துணியில் உறை தைத்து, எங்கள் ஜூடோ களத்தை அவரே உண்டாக்கினார். வீரர்கள் மொத்தம் இரண்டு பேர். அமுக்குகிறவர் அவர், அமுங்குகிறவன் நான். தினமும் சாயங்காலம் சங்கு ஊதியதும் மெத்தையைத் தட்டிவிட்டு, "மொதல்ல படு நைனா" என்பார். நான் படுப்பேன். மேலே தொண்ணூறு கிலோ வந்து இறங்கும்.

முகத்தை என் கழுத்தில் புதைத்துக்கொள்வதால் அவரால் வாய்விட்டு எண்ண முடியாது. எண்ணுவது என் வேலை. முதல் வாரம் ஒழுங்காகத்தான் எண்ணினேன். இரண்டாவது வாரம் விலா எலும்பு பேச ஆரம்பித்தது. பதினொன்றுக்கு அப்புறம் பதினாலு என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பதினேழுக்கு அப்புறம் இருபத்தொன்று என்றேன். அதற்கும் சத்தமில்லை. மூன்றாம் மாதத்தில் என் முப்பது, கடிகாரத்துக்கு இருபதுதான். "முப்பது" என்றதும் பொசுக்கென்று விட்டுவிடுவார். எழுந்து, எனக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டு, முதுகில் ஒட்டிய நாரைத் தட்டிவிடுவார். திருட்டுப் பயல் நான், மூச்சு வந்ததே போதும் என்று இருந்தேன்.

வினை மன்றத்துச் செயலாளர் ரூபத்தில் வந்தது. அவர் கேரம் பைத்தியம். எங்கள் மூலையில் இன்னும் இரண்டு கேரம் போர்டு போட வேண்டும் என்று அவருக்கு வெகுநாளாக அரிப்பு. ஒருநாள் நேரே வந்து மெத்தையைக் காலால் தட்டினார்.

"இன்னாய்யா இது, ரெண்டு பேர் கட்டிப்புடிச்சுகினு பொரள்றதுக்கு ஒரு மூலை கேக்குதா? அடுத்த மாசம் அம்பத்தூர்ல ஜூடோ போட்டி வெக்கிறாங்களாம். ஒரே ஒரு ஆட்டம் ஜெயிச்சுக் காட்டு, மூலை உன்னுது. இல்லாட்டி மெத்தையைச் சுருட்டிகினு போ."

அமுக்கு அண்ணாத்தே அன்றைக்குப் பயிற்சி செய்யவில்லை. மெத்தையில் உட்கார்ந்து அதன் தையலைத் தடவிக்கொண்டிருந்தார். "எட்டு மணி நேரம் மிஷின் முன்னாடி குனிஞ்சுகினு கீறேன் நைனா. இங்க வந்து பொரண்டாத்தான் நானும் ஒரு ஆளுன்னு தோணுது. இத்தையும் புடுங்கிட்டா நான் எங்க போவேன்?" என்றார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதே இல்லை. விலா எலும்பு போனாலும் போகட்டும், இந்த மனுஷர் ஜெயிக்க வேண்டும் என்று அன்றுதான் நினைத்தேன்.

போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது எனக்கு ஒரு பயங்கரச் சந்தேகம் வந்தது.

"அண்ணாத்தே, நான் படுன்னா படுக்கிறேன். அம்பத்தூர்ல வர்றவன் எதுக்குப் படுப்பான்?"

எட்டு மாதம் பழகியும் எங்கள் இரண்டு பேருக்கும் இது தோன்றவே இல்லை. நின்றுகொண்டிருக்கும் ஆளை என்ன செய்வது என்பது கரையானுக்குத்தான் தெரியும். அவர் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, "நம்மால அவன வுழ வைக்க முடியாது. ஆனா அவன் நம்மள வுழ வைப்பான்ல? அப்போ அவனையும் இஸ்துகினு வுழுந்துட வேண்டியதுதான்" என்றார். தானாக விழுந்தால் கணக்கில்லை, ஆனால் எதிராளி எறிந்து முதுகு முழுசாகத் தரையில் பட்டால் ஆட்டம் போயிற்று. அதனால் பக்கவாட்டில் விழ வேண்டும். அந்த ஒரு வாரமும் நான் தள்ள, அவர் விழுந்தார். மன்றத்தின் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கேரம் போர்டில் காய்கள் தாமாகவே குழியில் விழுந்தன என்று செயலாளர் புகார் எழுதினார்.

ஜூடோ உடுப்பை முரட்டுக் காடாத் துணியில் அவரே தைத்தார். கூடாரத்துக்குப் போடுகிற இரட்டைத் தையல், புயலடித்தாலும் பிரியாது. அதுவரை சரி. முந்தின நாள் அண்ணி, அதாவது அவர் மனைவி, அதைத் துவைத்துக் கெட்டியாகக் கஞ்சி போட்டுவிட்டார். எங்கள் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் காக்கிச் சட்டைக்குக் கஞ்சி போடாத வீடு கிடையாது. கைக்குட்டைக்கே போடுகிற அண்ணி, போட்டி உடுப்பைச் சும்மா விடுவாரா?

"நாலு பேர் பாக்குற எடம் தம்பி. தொளதொளன்னு போனா என்னைத்தான் பேசுவாங்க" என்றார்.

காலையில் அந்தச் சட்டையைத் தரையில் வைத்தால் தானாக நின்றது. மடிக்க முடியவில்லை. மின்சார ரயிலில் அதற்கு ஒரு சீட்டில் இடம் கொடுத்து உட்காரவைத்துக்கொண்டு அம்பத்தூர் போனோம். திருமுல்லைவாயலில் ஏறிய ஒரு பெரியவர் அதைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி உட்காருப்பா" என்றார்.

போட்டி ஒரு பள்ளிக்கூட ஹாலில். செயலாளரும் வேடிக்கை பார்க்க வந்து முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். எதிராளி அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிற இருபத்திரண்டு வயசுப் பையன். கழுத்தும் தலையும் ஒரே அகலம். ஆட்டத்துக்கு முன்னால் குனிந்து வணங்க வேண்டும். அவன் குனிந்தான். இவர் கை கூப்பி, "நல்லா கீறியாப்பா? சாப்ட்டியா?" என்று விசாரித்தார்.

நடுவர் உடுப்பைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். விரலை மடக்கித் தட்டினார். டொக் டொக் என்றது.

"என்னங்க இது, பலகையா? இதைப் பிடிக்கவே முடியாதே. பத்து நிமிஷம் தர்றேன், போய்க் கசக்கிட்டு வாங்க."

குழாயடிக்கு ஓடினோம். தண்ணீரை ஊற்றி, கல்லில் அடித்து, இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்கினோம். துணி இளகியது. ஆனால் கஞ்சியும் இளகியது. ஈரத்தோடு அவர் களத்தில் வந்து நின்றபோது உடம்பெல்லாம் நீராகாரம் வழிந்தது.

மணி அடித்தது. பையன் பாய்ந்து வந்து இவர் சட்டைக் காலரைப் பிடித்து, இடுப்பைக் கொடுத்து, பெரிதாக ஒரு வீசு வீசினான். வழவழவென்று கை வழுக்கியது. வீசின வேகத்தில் பையன் தானே சுற்றிக்கொண்டு மல்லாக்க விழ, இவர் ஒருக்களித்து அவன் மேலேயே இறங்கினார். அறுபத்தோராம் பக்கம்! படத்தில் இருந்தது இருந்தபடி!

நடுவர் கையை நீட்டினார். மேஜையில் கடிகாரம் ஓட ஆரம்பித்தது. பையன் உதறுகிறான், துள்ளுகிறான், ஒன்றும் நடக்கவில்லை. பத்து. பதினைந்து. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இருபது.

பொசுக்கென்று பிடியை விட்டுவிட்டு எழுந்தார் அமுக்கு அண்ணாத்தே. பையனுக்குக் கை கொடுத்துத் தூக்கினார். அவன் முதுகைத் தட்டிவிட்டார். பிறகு, "அவ்ளோதானே சார்?" என்பதுபோல் நடுவரைப் பார்த்துச் சிரித்தார்.

ஹால் அதிர்ந்தது. செயலாளர் தொடையைத் தட்டிச் சிரித்தார். எனக்கு மட்டும்தான் விஷயம் புரிந்தது. அடப்பாவி, அது என் முப்பது! எட்டு மாதமாக நான் திருடித் திருடி அவர் உடம்புக்குப் பழக்கிக் கொடுத்த முப்பது!

இருபது செகண்டுக்கு ஏதோ சின்ன மார்க்குதான் கொடுத்தார்கள். பையன் சும்மா இருப்பானா? அடுத்த வீச்சுக்குப் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டான். அண்ணி பெல்ட்டுக்குக் கஞ்சி போட்டிருக்கவில்லை. இவர் ஒரு வாரமாகப் பழகிய மாதிரியே பக்கவாட்டில் விழுந்ததால் தப்பித்தார், ஆனால் பையனுக்குப் பெரிய மார்க் போய்விட்டது. இன்னும் ஒரு நிமிஷம்தான் பாக்கி. மானம் போனால் போகட்டும் என்று கோட்டோரம் ஓடிப்போய்க் கத்தினேன்.

"அண்ணாத்தே! நான் தப்பா எண்ணிட்டேன்! இத்தினி நாளும் ஏமாத்திட்டேன்! இந்தத் தபா நான் முப்பதுன்னு சொல்றவரைக்கும் வுடாதே!"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பையன் மறுபடி வந்து பெல்ட்டைப் பிடித்தான். இவர் அவனை இரண்டு கையாலும் சேர்த்துக் கட்டிக்கொண்டு, தானாகவே சாய்ந்து, ஒரு புரண்டு புரண்டு மேலே வந்தார். அவன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"எண்ணு நைனா!"

எண்ணினேன். என் வாழ்க்கையில் அப்படி யோக்கியமாக நான் எதையும் செய்ததில்லை. ஒவ்வொரு எண்ணையும் முழுசாகச் சொல்லி, மூச்சு விட்டு, அடுத்ததுக்குப் போனேன். பயத்தில் ரொம்பவே நிதானமாகப் போயிருக்கிறேன். நான் இருபத்தாறில் இருக்கும்போதே மேஜையில் மணி அடித்துவிட்டது. நடுவர் கையை உயர்த்தி, ஆட்டம் முடிந்தது என்றார்.

இவர் விடவில்லை.

நடுவர் முதுகைத் தட்டினார். கீழே கிடந்த பையன், "அண்ணே, நீங்க ஜெயிச்சிட்டீங்கண்ணே!" என்று அலறினான்.

"அவன் சொல்லணும் சார்!" என்றார் அமுக்கு அண்ணாத்தே.

"இருபத்தேழு!" என்றேன். பின் வரிசையிலிருந்து யாரோ சேர்ந்துகொண்டார்கள். "இருபத்தெட்டு!" என்று பாதி ஹால் கத்தியது. "இருபத்தொன்பது!" என்றபோது நடுவரின் உதடும் அசைந்ததை என் கண்ணால் பார்த்தேன். "முப்பது!" என்று கூரை பிய்ந்துபோகிற மாதிரி எல்லோரும் கத்தினோம். அதற்கப்புறம்தான் எழுந்தார். பையனுக்குக் கை கொடுத்துத் தூக்கி, முதுகைத் தட்டிவிட்டார்.

அடுத்த ஆட்டத்தில் பதினோரு செகண்டில் மல்லாக்க விழுந்து தோற்றார். அது கணக்கில் வராது, பேச்சு ஒரு ஆட்டத்துக்குத்தான். செயலாளர் வந்து வாழ்த்துச் சொல்லிக் கை நீட்டினார். அந்தக் கையை அண்ணாத்தே பிடித்த பிடியைப் பார்த்து எனக்கு அப்படி ஒரு சிரிப்பு. கடைசிவரை விடவில்லை. எங்கள் மூலையும் கடைசிவரை எங்களை விட்டுப் போகவில்லை. அந்த மெத்தையில் அதற்கப்புறம் ஒன்பது வருஷம் நான் அமுங்கியிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் ஆவடி ஸ்டேஷனில் இறங்கி நடந்தோம். சட்டை காய்ந்து மறுபடி விறைத்துக்கொண்டிருந்தது. எனக்குத்தான் தலை நிமிரவில்லை.

"மன்னிச்சுக்க அண்ணாத்தே. என்னாலதான் எல்லாம் கெட இருந்துச்சு."

"அட, நீ பதினொண்ணுலேந்து பதினாலுக்குத் தாவுறது எனக்குத் தெரியாதாக்கும்? எனக்கு எண்ணத் தெரியாதா? தெரியும் நைனா, மொத நாள்லேந்தே தெரியும். இந்தப் பாழாப்போன கைக்குத்தான் தெரியல."

நான் நின்றுவிட்டேன். "அப்போ ஏன் வுட்ட?"

"இன்னா பண்றது? ஒல்லிப் பிசாசு நீ. மூச்சு முட்டி மூஞ்சி செவந்து பூடும். பாவமா இருக்கும்டா" என்று சொல்லி, என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு நடந்தார்.

கனமான கை. வீடு வரைக்கும் எடுக்கவே இல்லை. நானும் எடுக்கச் சொல்லவில்லை.