வலப்பக்கப் பெட்டி

டீச்சர் வீட்டு வாசலில் இறங்கித் திரும்பிப் பார்த்த பல்செட்காரருக்குத் தம்முடைய மோட்டார் சைக்கிள் ஒரு பக்கமாக இளைத்துவிட்டதுபோல் தெரிந்தது. இடப்பக்கப் பெட்டி இருந்தது. வலப்பக்கப் பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் எதிர்வீட்டு மதில் தெரிந்தது.

குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். ஒரு சின்னப் பீரோ அளவுள்ள பெட்டி அங்கே ஒளிந்துகொள்ள முடியாது என்று தெரிந்தும் பார்த்தார்.

கதவைத் திறந்துகொண்டு டீச்சர் வந்தார். வாயைக் கைக்குட்டையால் மூடியிருந்தார். மூன்று வாரங்களுக்கு முன்பு பல் டாக்டர் அவருடைய கடைசி ஐந்து பற்களையும் எடுத்துவிட்டார். அன்றிலிருந்து டீச்சர் யார் எதிரிலும் வாய் திறப்பதில்லை. எதைச் சொல்வதானாலும் ஒரு நோட்டில், சிவப்பு மையில் எழுதிக் காட்டினார். நாற்பது வருஷ உத்தியோகப் பழக்கம்.

"டீச்சர், பல்லு எங்க வீட்ல இருந்து கிளம்பிடுச்சு. ஆனா இன்னும் வந்து சேரல" என்றார் பல்செட்காரர்.

டீச்சர் நோட்டில் எழுதினார்: 'சனிக்கிழமை கல்யாணம்.' கீழே இரண்டு கோடு.

"அப்படியா? சந்தோஷம் டீச்சர். பொண்ணு யாரு, சொந்தமா?"

டீச்சர் பேனாவைத் திருப்பித் தம் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

டீச்சருக்கு வயது அறுபத்து நான்கு. மாப்பிள்ளை பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓய்வு பெற்ற தபால்காரர். இருபத்திரண்டு வருஷம் அவர் கடிதம் கொண்டுவந்து கொடுத்தார், டீச்சர் வாங்கிக்கொண்டார். "கையெழுத்துப் போடுங்க" என்பதற்குமேல் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. ஓய்வு பெற்ற பிறகும், கடிதம் எதுவும் இல்லாமலே, தபால்காரர் அதே பத்தரை மணிக்கு வந்து வாசலில் நின்றார். அப்போதுதான் இருவருக்கும் விஷயம் புரிந்தது.

பதிவு அலுவலகத்தில் அதிகாரி கேட்பார். 'சம்மதம்' என்று சொல்ல வேண்டும்.

"எழுதிக் காட்டினா ஒத்துக்க மாட்டாங்களா டீச்சர்?"

டீச்சர் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நிதானமாக எழுதினார்: 'இருபத்திரண்டு வருஷம் வாய்க்குள்ளேயே வைத்திருந்த வார்த்தை. வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.'

பல்செட்காரர் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். "சொல்வீங்க டீச்சர். நான் இருக்கேன்" என்றார். பெட்டி இல்லாத வண்டியில் ஏறிக்கொண்டே அதைச் சொன்னதுதான் கொஞ்சம் பொருத்தமில்லாமல் இருந்தது.

பல்செட்காரரைப்போல ஒரு தொழில்காரரைப் பார்ப்பது அரிது. பல் செய்வதோடு அவர் வேலை முடிந்துவிடாது. யாருக்குச் செய்தாரோ அவர்களுடைய வீட்டுக்கே கொண்டுபோய், மாட்டிப் பார்த்து, உறுத்துகிற இடத்தைத் தேய்த்துக் கொடுத்து, அவர்கள் ஒருதரம் சிரித்த பிறகுதான் திரும்புவார். மேட்டூர்ப் பக்கம் பஸ் போகாத இடங்களுக்கெல்லாம் அந்த இருபத்தெட்டு வருஷத்து மோட்டார் சைக்கிள்தான் அவரைச் சுமந்துபோனது. போன மழைக்காலத்தில் பை நனைந்து மூன்று பேருடைய பல் அச்சு கரைந்துபோனதைப் பார்த்து, அவருடைய மனைவி இந்த இரண்டு கெட்டிப் பெட்டிகளையும் வாங்கிக் கொடுத்திருந்தாள். புது மாடல் பெரிய வண்டிகளுக்காகச் செய்த பெட்டிகள். கிழட்டு வண்டியில் அவை, ஒல்லியான தாத்தாவுக்கு மாப்பிள்ளைக் கோட்டு போட்டதுபோல இருந்தன.

பல்செட்காரருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. ஊருக்கும் மேட்டூர்ப் பக்கத்துக்கும் நடுவே ஒரு ரயில்வே கேட். அவர் போகும்போதெல்லாம் அது மூடியிருக்கும். மற்றவர்கள் ஹாரன் அடிப்பார்கள், ரயிலைத் திட்டுவார்கள். அவர் வண்டியைச் சாய்த்து நிறுத்திவிட்டு, கேட் கம்பம்வரை நடந்துபோய், தண்டவாளத்தைப் பார்த்து நின்று, ஹெல்மெட்டோடு கைகூப்பிக் கண்ணை மூடிக்கொள்வார். அன்றைக்கு யாருடைய பல் பெட்டியில் இருக்கிறதோ அவர்களுக்காகப் பிரார்த்தனை. ரயில் போய், கேட் தூக்கும் சத்தம் கேட்டால்தான் கண் திறப்பார்.

அன்றைக்கும் அப்படித்தான் செய்தார். கேட்டைத் தாண்டும்போது பின்னால் யாரோ, "சார்! சார்!" என்று கத்திக் கையை ஆட்டியதுகூட நினைவிருந்தது. அவரும் அன்பாகக் கையாட்டிவிட்டு வந்திருந்தார். அவர் பல் கட்டியவர்கள் எங்கும் இருந்தார்கள். யாராவது கத்துவதும் அவர் கையாட்டுவதும் வழக்கம்தான்.

சாயங்காலம் டவுன் பஸ் கண்டக்டர் ஒருவர் பல்செட்காரரின் வீட்டு வாசலில் பெட்டியை இறக்கினார்.

"உங்க பேரும் விலாசமும் மூடியில இருக்கே. கேட்டாண்ட யாரோ ஏத்திவிட்டாங்க."

"யாருங்க அது?"

"பஸ் நிக்கிற அரை நிமிஷத்துல பேரா கேக்கறது? பிடிங்க, விசில் குடுக்கணும்."

பெட்டியில் ஒரு கீறல் இல்லை. உள்ளே தண்ணீர் டப்பாவில், வாயில் பொருத்தி அளவு பார்ப்பதற்காகச் செய்த டீச்சருடைய மெழுகுப் பல் அசையாமல் இருந்தது. ஒரு துண்டுக் காகிதத்தில், 'ஆடுது. பார்த்துப் போகவும்' என்று யாரோ எழுதியிருந்தார்கள்.

"பார்த்தியா, எவ்வளவு உயரத்துல இருந்து விழுந்திருக்கு, ஒரு கீறல் இல்ல!" என்றார் பல்செட்காரர்.

"அதான் எனக்கும் ஆச்சரியமா இருக்கு" என்றாள் மனைவி. "பேசாம பல்லைச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டுப் போங்களேன்."

"அந்த வண்டி ஆடற ஆட்டத்துக்கு அது என் நெஞ்சையே கடிச்சிடும்மா. அதுவும் இல்லாம நீ ஆசையா வாங்கிக் குடுத்த பெட்டி."

அந்தக் காகிதத்தை அவர் பத்திரமாகப் பர்ஸில் வைத்துக்கொண்டார்.

மெக்கானிக் வண்டியைச் சுற்றி வந்தான்.

"அண்ணே, மரை தேஞ்சுபோச்சு. நட்டு பிடிக்கல. புது போல்ட்டு, ஸ்பிரிங் வாஷர், ஒண்ணுக்கு ரெண்டு நட்டு. இனிமே வண்டி போனாலும் பெட்டி போகாது."

"பூட்டு?"

"சங்கிலியே போட்டுடலாம். கைப்பிடிக்குள்ள விட்டு, சேஸிஸோட சேர்த்துப் பூட்டிடறேன். சாவி உங்ககிட்ட."

புதன்கிழமை பல்செட்காரர் கேட்டில் வழக்கத்தைவிட நீளமாக வேண்டினார். டீச்சருக்காகக் கொஞ்சம், பெட்டிக்காகக் கொஞ்சம், பெயர் தெரியாமல் எடுத்துக் கொடுத்த அந்தப் புண்ணியவானுக்காகக் கொஞ்சம். ஒரு ரயில் போதாமல் இரண்டாவது ரயிலும் போனது.

டீச்சர் வீட்டு வாசலில் திரும்பிப் பார்த்தார். சங்கிலி இருந்தது. பூட்டு பூட்டியபடியே இருந்தது. சங்கிலிக்குள் பெட்டியின் கைப்பிடி இருந்தது. பெட்டியைக் காணோம்.

டீச்சர் அந்தக் கைப்பிடியைக் கையில் வாங்கி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, 'இது மேல் செட்டா, கீழ்ச் செட்டா?' என்று எழுதினார்.

பல்செட்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

அன்று சாயங்காலமும் கண்டக்டர் வந்தார். "ஐயா, நீங்க பேசாம பெட்டிக்கு ஒரு பாஸ் எடுத்துடுங்க" என்றார். மெழுகுப் பல்லை மறுநாள் பஸ்ஸில் எடுத்துக்கொண்டு, ஒன்றரை மைல் நடந்துபோய், டீச்சர் வாயில் பொருத்திப் பார்த்துவிட்டு வந்தார் பல்செட்காரர். இனி அதை முழுப் பல்லாக வார்த்து வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். வார்த்து முடிக்கவே அன்றைக்கு மூன்று மணியாகிவிடும். அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது.

பெட்டியைத் திறந்து பார்த்த மெக்கானிக் நெற்றியைச் சொறிந்தான்.

"அண்ணே, ஒரு சந்தேகம். கைப்பிடி ஸ்க்ரூ நாலும் பெட்டிக்குள்ள காகிதத்துல மடிச்சு வெச்சிருக்கு. கழண்டு விழுந்த ஸ்க்ரூ எப்படி அண்ணே மடிச்சுக்கும்?"

"எடுத்தவர் பொறுக்கி வெச்சிருப்பார். ரோட்டுல நாலு ஸ்க்ரூவைத் தேடிப் பொறுக்கற மனசு யாருக்குப்பா வரும்? எனக்கு வருமா, உனக்கு வருமா?"

"எனக்கு வராது" என்று மெக்கானிக் உண்மையை ஒப்புக்கொண்டான். "ஆனா வியாதி எங்கேன்னு கண்டுபிடிச்சிட்டேன். வலது பெட்டி தனியா ஆடுது. இடது பெட்டி ஆடல. ரெண்டையும் ஒரே கம்பியில சேர்த்து வெல்டு வெச்சுட்டா, இது அதைப் பிடிச்சுக்கும், அது இதைப் பிடிச்சுக்கும். புருஷன் பெண்டாட்டி மாதிரி."

அந்த உவமை பல்செட்காரருக்கு மிகவும் பிடித்துவிட்டது. டீச்சர் கல்யாணத்துக்கு ஏற்ற யோசனை என்று நினைத்தார்.

வெள்ளிக்கிழமை பல் தயாரானது. அவருடைய வாழ்நாளில் அதைப்போல ஒரு செட் செய்ததில்லை. ரொம்ப வெள்ளையாக இருந்தால் பொய் தெரியும் என்று, அறுபத்து நான்கு வயதுச் சிரிப்புக்கு ஏற்ற நிறத்தில், முன்பல் ஒன்றைக் கடுகளவு சாய்த்து வைத்திருந்தார். தண்ணீர் டப்பாவில் போட்டு, மேலே டீச்சர் வீட்டு விலாசமும், 'நாளைக்குக் கல்யாணம். மிக அவசரம்' என்றும் எழுதி ஒட்டினார்.

"இத்தனை நாளும் வலப்பக்கம்தானே விழுந்துச்சு? அதனால பல்லை இன்னிக்கு இடப்பக்கத்துல வெச்சுட்டேன்" என்று மனைவியிடம் சொன்னார்.

"மூளைன்னா மூளை" என்றாள் மனைவி. பாராட்டா கிண்டலா என்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை.

கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில். ஐம்பது, அறுபது பெட்டி இருக்கும். அதுவும் நடுவழியில் நின்று, யோசித்து, மறுபடி புறப்பட்டது. பல்செட்காரருக்கு அது வரம் கிடைத்ததுபோல இருந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டார். 'கடவுளே, எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். அந்த அம்மா நாளைக்கு வாயைத் திறந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லணும். அதுவரைக்கும் இந்தப் பெட்டியை நீ பிடிச்சுக்கோ.' பின்னால் ஏதோ இரும்பு சத்தமும் பேச்சுக் குரலும் கேட்டன. அவர் மனத்தை அங்கே போகவிடவில்லை.

கேட் திறந்தது. நான்கு பக்கமும் ஹாரன். கண் கலங்கியபடி ஓடிவந்து வண்டியில் காலைப் போட்டார். எப்போதும் பெட்டியில் இடிக்கும் கால் இன்றைக்கு லேசாகத் தாண்டிப் போனது. வண்டியும் என்றைக்குமில்லாத வேகத்தில் பறந்தது. மனப்பாரத்தைக் கடவுளிடம் இறக்கி வைத்துவிட்டால் உடம்பே இப்படி லேசாகிவிடுகிறதே என்று வியந்துகொண்டே போனார். பின்னால் வழக்கம்போல யாரோ கத்தினார்கள். வழக்கம்போலக் கையாட்டினார்.

டீச்சர் வாசலிலேயே காத்திருந்தார். வண்டியைப் பார்த்தார். நோட்டைத் திறந்தார். எழுதாமலே மூடிவிட்டார்.

பல்செட்காரர் திரும்பிப் பார்த்தார். வண்டி புதிதில் கடையில் நின்றதுபோல, ஒரு பெட்டியும் இல்லாமல் நின்றது.

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். இருபத்தெட்டு வருஷத்தில் முதல்முறையாக, பல்லைச் செய்து முடித்தும் சிரிப்பைப் பார்க்காமல் திரும்பிப்போகப் போகிறார். டீச்சர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கைக்குட்டை நழுவுவதைக்கூடப் பார்க்காமல், அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அப்போது ஒரு மினி லாரி வந்து நின்றது. அதிலிருந்து கையெல்லாம் கிரீஸாக ஒரு பெரியவர் குதித்தார். தோளில் ஒரு கம்பி. கம்பியின் இரண்டு நுனியிலும் இரண்டு பெட்டி.

"டீச்சர் வீடு இதானே?" என்று மூச்சு வாங்கக் கேட்டார். "நான் கேட் பக்கத்துல பஞ்சர் கடை வெச்சிருக்கேன். டப்பா மேல 'நாளைக்குக் கல்யாணம்'னு எழுதியிருந்துச்சு. பஸ் வர்றவரைக்கும் காத்திருக்க மனசு கேக்கல. கடையை அப்படியே போட்டுட்டு வந்துட்டேன்."

டீச்சர் டப்பாவை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார். பல்செட்காரர் பின்னாலேயே போனார். அரத்துக்கு வேலையே வைக்காமல், மேல் செட்டும் கீழ்ச் செட்டும் போய் உட்கார்ந்துகொண்டன.

டீச்சர் வாசலுக்கு வந்தார். மூன்று வாரத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை பஞ்சர் கடைக்காரருக்குத்தான் கிடைத்தது.

"உட்காருங்க" என்றார். பிறகு சிரித்தார். கடுகளவு சாய்ந்த அந்தப் பல் சாயங்கால வெயிலில் அழகாகத் தெரிந்தது.

பல்செட்காரருக்குத் துக்கமும் சந்தோஷமும் சேர்ந்து வந்தன. பஞ்சர் கடைக்காரரின் கிரீஸ் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, மூணு தடவையும் எடுத்துக் குடுத்தது நீங்கதானா? உங்களை எப்படிக் கும்பிடறதுன்னே தெரியல. ஆனா எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. அந்தக் கேட்ல நின்னு நான் எவ்வளவு உருகி வேண்டிக்கிட்டேன் தெரியுமா? வேண்ட வேண்ட, பெட்டி இன்னும் அதிகமா இல்ல விழுந்துச்சு!"

பஞ்சர் கடைக்காரர் திகைத்துப்போய் அவரைப் பார்த்தார்.

"விழுந்துச்சா? ஒரு தடவைகூட விழலியே சார்! ஒவ்வொரு தடவையும் இப்பவோ அப்பவோன்னு ஆடிக்கிட்டிருந்துச்சு, சொல்லலாம்னு வந்தா நீங்க கண்ணை மூடிக் கும்பிட்டுக்கிட்டிருந்தீங்க. சாமி கும்பிடறவரைப் போய்க் கலைக்கலாமான்னுதான், நானே சத்தம் போடாம கழட்டி வெச்சேன்."