சீட்டு சாரின் மூன்று பதில்கள்

திருச்சி ஜில்லாவில் ஒரு ஸ்டேப்ளரை வாங்க எங்கள் ஆபீஸ் அளவுக்குக் கஷ்டப்பட்ட ஆபீஸ் வேறு கிடையாது. காரணம் சீட்டு சார்.

ஆபீஸ் துவாக்குடி போகிற வழியில் இருக்கிறது. தண்ணீர் ஆராய்ச்சி ஆபீஸ். நான் அங்கே அட்டெண்டர். படிப்பு எட்டாவது. மாதம் ஒரு தடவை ஜீயபுரம் பக்கம் போவேன். முப்பது கிணறு. ஒவ்வொன்றிலும் டேப் விட்டு, தண்ணீர் எத்தனை அடியில் கிடக்கிறது என்று நோட்டில் எழுதி வருவேன். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது சீட்டு சார் வேலை. அவர் வீடு ஸ்ரீரங்கம். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

அவர் ரூமில் எல்லாவற்றுக்கும் நம்பர் உண்டு. சீட்டில் எழுதி ஒட்டியிருப்பார். ஃபேன் நாலு. ஸ்டேப்ளர் இருபத்தேழு. ஜன்னலுக்கு வெளியே நிற்கிற வேப்பமரத்துக்கும் நம்பர். எது வேண்டுமானாலும் நம்பர் சொல்லிக் கேட்க வேண்டும். மூன்று பதிலில் ஒன்று வரும். "இந்தாங்க." இல்லாவிட்டால், "இருக்கு, அனுமதி வேணும்." அதுவும் இல்லாவிட்டால், "இருந்துச்சு, இப்ப இல்லை." நாலாவது பதிலை நான் கேட்டதில்லை.

ஒரு நாள் டைரக்டரே வந்தார்.

"அந்த ஸ்டேப்ளரைக் குடுங்க."

சீட்டு சார் அசையவில்லை. "நம்பர் சார்?"

"யோவ், உன் கைக்கு எதிர்லதான்யா இருக்கு. நான் டைரக்டர்."

"டைரக்டருக்கும் அதே நம்பர்தான் சார். துரைராஜுக்கும் அதே நம்பர்தான்."

துரைராஜ் நான். டைரக்டர் என்னைப் பார்த்தார். நான் வேப்பமரத்தைப் பார்த்தேன். டைரக்டர் குனிந்து சீட்டைப் படித்து, "இருபத்தேழு" என்றார். "இந்தாங்க" என்று இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார் சீட்டு சார்.

டீ தீர்ந்தாலும் சீட்டு. "டீ. இருந்தது. பதினொன்றே காலுக்குத் தீர்ந்தது. விவரத்துக்கு: துரைராஜ்." ஃபிளாஸ்க்கைக் கழுவ எடுத்துப் போனாலும் அந்தச் சீட்டு மேஜையில் இருக்கும்.

"இது எதுக்கு சார்?" என்றேன்.

"பொருள் போனாலும் சீட்டு போகக் கூடாதுப்பா. வெறும் மேஜையப் பாத்தா, இந்த ஆபீஸ்ல டீயே கிடையாதுன்னு நினைச்சுட்டுப் போயிருவான்."

ஆபீஸ் விருந்துக்குக் காய் வாங்க அவரைக் காந்தி மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போனது என் புத்தி. கத்தரிக்காய் மூட்டைக்கு நடுவில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் கேட்டார்.

"கத்தரிக்காய் இருக்கா, இல்ல, இருந்து தீர்ந்துபோச்சா?"

"கண்ணு தெரியலையா சாமி? மலை மாதிரி கெடக்கு."

"நான் பாக்குறது பதில் ஆகாதும்மா. நீங்க சொல்லணும்."

"இருக்குய்யா, இருக்கு! இவரை எங்கேருந்து புடிச்சுக்கிட்டு வந்தே தம்பி?"

சீட்டு சாருக்கு முகமெல்லாம் சந்தோஷம். "பாத்தியா துரைராஜு, பதில் வந்துருச்சு."

திரும்பி வரும்போது கேட்டுவிட்டேன். "ஏன் சார் இப்படி?"

எதிரே ஒரு பஸ்ஸைக் காட்டினார். "இந்த பஸ் நிக்க என்ன பண்ணணும்?"

"கை காட்டணும்."

"யாரு காட்டலாம்?"

"யாரு வேணா காட்டலாம்."

"டிரைவரைத் தெரிஞ்சிருக்கணுமா? கை காட்டக் கத்துக்க எவன்கிட்டயாவது காசு குடுத்தியா? இல்லைல. ஏறுனா டிக்கெட் கேக்கலாம், அது வேற. கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டரும் இப்படித்தான்பா கேட்டுக்குது. ஊர் உலகத்துக்கெல்லாம் ஒரே கை. நீ அளந்த கிணறு ஒவ்வொண்ணுக்கும் இன்டர்நெட்ல ஒரு விலாசம் வச்சிருக்கேன். எவன் கை காட்டினாலும் நிக்கும்."

எனக்கு அது பிடித்திருந்தது.

அப்புறம் புது மெஷின் வந்தது. கம்பெனி ஆள் ஒருவர் பளபளவென்று ஷூ போட்டுக்கொண்டு வந்து மாட்டினார். கிணற்று அளவெல்லாம் அதற்குள் போயிற்று. அந்த மெஷினில், அந்தக் கம்பெனி புரோகிராமில்தான் பார்க்க முடியும். அதுவும் விரல் நீளத்துக்கு ஒரு பிளக் செருகினால்தான் திறக்கும். வந்த சந்தோஷத்தில் என் நோட்டுகளைப் பழைய பேப்பருக்குப் போட்டார்கள்.

"இது கை காட்டினா நிக்காத பஸ் சார்" என்றார் சீட்டு சார்.

"பழசை நிறுத்துங்க" என்றார் டைரக்டர்.

நிறுத்தினார். சீட்டை மட்டும் விட்டு வைத்தார். கிணற்றின் பழைய விலாசத்தில் யார் தேடினாலும் இப்படி வந்தது: "இந்தக் கிணற்றின் அளவு இங்கே இருந்தது. இப்போது இல்லை. விவரத்துக்கு: டைரக்டர்." கீழே டைரக்டரின் செல் நம்பர்.

மறுநாள் காலையிலிருந்து போன். வாழைக்காரர் ஒருவர், "ஒம்பதாம் நம்பர் கிணத்துல தண்ணி எம்புட்டு சார்?" துவாக்குடி காலேஜ் பையன்கள் வரிசையாக. வெளிநாட்டு ஆள் ஒருவர் இங்கிலீஷில். டைரக்டர் சோற்றில் கை வைத்தால் போன், முடி வெட்ட உட்கார்ந்தால் போன்.

"யாருய்யா என் நம்பரைப் போட்டது?"

"நீங்கதானே சார் பொறுப்பு" என்றார் சீட்டு சார். மரியாதையாகத்தான் சொன்னார்.

அடுத்து நடந்தது என் தப்பு. ஆயுத பூஜைக்கு ஆபீஸில் பொட்டு வைப்பது நான். ஜீப்புக்கு வைத்தேன், டேப்புக்கு வைத்தேன், ஸ்டேப்ளருக்கும் வைத்தேன். ஆபீஸிலேயே உசத்தியான பொருள் அந்த பிளக் என்றார்கள். அதற்குத் தாராளமாகச் சந்தனம் குழைத்து வைத்தேன். லீவு முடிந்து வந்தால் உள்ளே எல்லாம் காய்ந்து கல்லாகியிருந்தது. செருகினால் மெஷின் முழிக்கவில்லை. புது பிளக் வர மூன்று வாரம் ஆகும் என்றது கம்பெனி.

அந்த வாரம் பார்த்துச் சரோஜா வந்தாள். ஜீயபுரத்துக்காரி. பதினாறாம் நம்பர் கிணறு அவள் தெருவுக்குக் குடிதண்ணீர். நான் டேப் விடும்போதெல்லாம் பக்கத்தில் நின்று, "மாசா மாசம் அளக்குறீங்களே, ஒரு சொட்டு ஏறுச்சா?" என்று கேட்பவள்.

"அண்ணே, கிணத்துக்குப் பக்கத்துலயே பெரிய போர் போடப் போறாங்களாம். போட்டா எங்க கிணறு செத்துச்சு. கோடையில ஏற்கெனவே தரை தட்டுதுன்னு சொன்னா, எழுத்துல காட்டுங்கறாங்க. வெள்ளிக்கிழமை அதிகாரிங்க வராங்க. நீங்க எழுதுனது எங்கண்ணே?"

பதினோரு வருஷம் அளந்தவன் நான். சந்தனம் வைத்ததும் நான். அவளை டைரக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் மெஷினைப் பார்த்தார், பிளக்கைப் பார்த்தார், எழுந்து சீட்டு சார் ரூமுக்கு நடந்தார். நாங்கள் பின்னால்.

"உங்ககிட்ட... பழசு ஏதாவது..."

"நம்பர் சார்?"

டைரக்டர் பல்லைக் கடித்தார். பின்னாலிருந்து சரோஜா, "பதினாறுன்னு சொல்லுங்க சார்! இதுக்குப் போயி என்ன யோசனை?" என்றாள்.

"பதினாறு."

"இருக்கு, அனுமதி வேணும்."

"யார் அனுமதிய்யா?"

"உங்களுது சார். நிறுத்தச் சொன்னீங்க. அழிக்கச் சொல்லலையே."

டைரக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். "திறந்து தொலைங்க."

"பதினாறு மட்டுமா சார், முப்பதுமா?"

அந்த நேரம் பார்த்து டைரக்டர் பையில் போன் அடித்தது. எடுத்தார். "ஒம்பதாம் நம்பர் கிணறு சார்..." என்று வாழைக்காரர் குரல் எனக்கே கேட்டது.

"முப்பதும்!" என்று கத்தினார் டைரக்டர்.

"இந்தாங்க" என்றார் சீட்டு சார்.

சரோஜா நின்ற இடத்தில் தன் செல்லில் திறந்தாள். பிளக் கேட்கவில்லை, புரோகிராம் கேட்கவில்லை. என் பதினோரு வருஷம் அந்தச் சின்னக் கண்ணாடியில் ஓடியது. சத்தமாகப் படித்தாள். "ஏப்ரல், வாளி முங்கவில்லை. மே, டேப் தரையில் இடித்தது. சரோஜா திட்டினாள்." நிறுத்தினாள். "அண்ணே, அதையுமா எழுதுனீங்க?"

"நோட்டுல இருந்தது எல்லாம் ஏத்தணும்மா" என்றார் சீட்டு சார். "எதை விடுறதுன்னு நான் யாரு முடிவு பண்ண?"

வெள்ளிக்கிழமை நானும் போயிருந்தேன். அதிகாரிகள் அவரவர் போனில் பார்த்தார்கள். வருஷா வருஷம் மே மாதத்தில் டேப் தரையில் இடித்திருந்தது. ஒருவர் தலை தூக்கி, "சரோஜா யாரும்மா?" என்றார். "நான்தாங்க" என்றாள், நெஞ்சை நிமிர்த்தி. போர் ஆற்றோரமாகத் தள்ளிப் போனது.

போன மாதம் சீட்டு சார் ரிடையர் ஆனார். டைரக்டர் மாலை போட்டார். பசையையும் சீட்டுக் கட்டையும் என் கையில் கொடுத்துவிட்டு, "பாத்துக்க துரைராஜு" என்று பஸ்ஸுக்குக் கை காட்டப் போனார்.

மறுநாள் அவர் நாற்காலி காலியாகக் கிடந்தது. காலியாக இருந்தால் சீட்டு ஒட்ட வேண்டும். எழுத உட்கார்ந்தேன். "சீட்டு சார். இருந்தார். இப்போது இல்லை." அதுதான் விதி. நான் "இருக்கார்" என்று மட்டும் எழுதி ஒட்டினேன்.

தப்புதான். தெரிந்தால் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி வந்து சண்டை பிடிப்பார்.

வரட்டும்.