ஒற்றைக் கதவில் இரண்டு சர்க்கார்

அரசாங்க உத்தியோகத்தில் ஒத்துழைப்பு என்று ஒரு சொல் உண்டு. ஒருத்தன் தனியாகச் செய்யக்கூடிய தப்பை இரண்டு பேர் சேர்ந்து, படி வாங்கிக்கொண்டு செய்வதற்குத்தான் அந்தப் பெயர். நான் செய்திருக்கிறேன். அனுபவத்தில் சொல்கிறேன்.

யுத்தம் முடிந்திருந்தது, ரேஷன் முடியவில்லை. அரிசிக்குக் கார்டு, துணிக்குக் கார்டு, மண்ணெண்ணெய்க்கு வரிசை. எதற்கெல்லாம் கார்டு உண்டோ அதற்கெல்லாம் லஞ்சமும் உண்டு. அதைத் தடுக்க போலீஸில் ஒரு தனிப் பிரிவு வைத்தார்கள். அடையாற்றில் ஒரு பழைய பங்களாவில் ஆபீஸ். மற்ற ஸ்டேஷன்களில் யாரோடும் ஒத்துப்போகாத ஆட்களாகப் பொறுக்கி அங்கே அனுப்பினார்கள். என்னை முதலிலேயே அனுப்பிவிட்டார்கள். (எனக்குக் கோபம் வரும். இப்போதும் வரும். அதை நான் குறையாக நினைக்கவில்லை.)

பதவி சப்-இன்ஸ்பெக்டர். ஆனால் தற்காலிகம். அந்தத் ‘தற்காலிகம்’ என் கல்யாணத்தின் குறுக்கே நின்றது. அபிராமபுரத்தில் விறகுத்தொட்டி வைத்திருந்த ஏகாம்பரம் என்பவரின் மகள் ருக்மணியை எனக்குப் பேசியிருந்தார்கள். வரதட்சணை எவ்வளவு என்று அம்மா சொல்லியாகிவிட்டது. அவர் மறுக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

“மாப்ளைக்கு வேலை பர்மனென்ட் ஆவட்டும்மா. அப்பால தேதி வெச்சிக்கலாம். டெம்பரவரி ஆளுக்குப் பொண்ணைக் குடுத்துட்டு நான் தெனம் விறகுக் கட்டையைப் பாத்துகினு ஒக்காந்திருக்க முடியாது.”

எங்கள் டி.எஸ்.பி. ராவ் சொன்னதும் ஏறக்குறைய அதேதான். “ஒரு கேஸ் பிடிய்யா. ஒரே ஒரு கேஸ். பர்மனென்ட் பண்றேன். இல்லைன்னா டிராஃபிக்குக்குப் போ.”

எனக்கு ருக்மணியைப் பிடித்திருந்தது. ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். அப்போது தொட்டியில் வேலையாளிடம், “ஈர விறகை வெச்சி எடை போடறியே, தண்ணிக்கும் காசு வாங்கறியா?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் பிரிவில் இருக்க வேண்டியவள் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த நிலைமையில்தான் ஒத்துழைப்பு வந்தது. லஞ்சம் கொடுப்பவன் இங்கே கொடுத்துவிட்டு, சரக்கை எல்லை தாண்டிச் சமஸ்தானத்தில் விற்கிறான். நாங்கள் தேடினால் அவன் அங்கே இருப்பான், அந்தப் பக்கத்து போலீஸ் தேடினால் இங்கே இருப்பான். ஆகவே இரண்டு பக்கத்து லஞ்சத் தடுப்பு போலீஸும் சேர்ந்து வேலை செய்வது என்று மேலே முடிவானது. மேற்கே இருந்த ஒரு மலையாளச் சமஸ்தானம் முதலில் கையெழுத்துப் போட்டது. (எது என்று சொல்ல மாட்டேன். இப்போது சமஸ்தானமும் இல்லை, சண்டைக்கு வரவும் ஆள் இல்லை, இருந்தாலும் வேண்டாம்.) அங்கிருந்து வந்தவர் இன்ஸ்பெக்டர் பரமேசுவரன் பிள்ளை. வெள்ளை வேட்டி, குடை, நெற்றியில் சந்தனம். மாறுவேடம் என்று சொன்னார். எல்லையிலிருந்து எழும்பூர் வரை எல்லோரும் அவரைப் போலீஸ் என்று கண்டுபிடித்தார்களாம்.

அவர் பேசியதில் எனக்குப் பாதி புரிந்தது. நான் பேசியதில் அவருக்கும் பாதி. இரண்டு பாதியும் சேர்ந்தால் ஒன்று என்று டி.எஸ்.பி. கணக்குப் போட்டார்.

முதல் நாள் முழுவதும் ஒப்பந்தம் பேசினோம். சோதனைக்குப் போகும்போது யார் முன்னால் நுழைவது? பிள்ளை தம் பதவி பெரியது என்றார். ஊர் எங்களுடையது என்றேன். “மகாராஜாவின்டெ பிரதிநிதி பின்னால வரான் பாடில்லா” என்றார். வரக்கூடாது என்று அர்த்தம். “எங்க கவர்னர் மட்டும் வாசல்ல நிக்கணுமா?” என்று நான் கேட்டேன். கடைசியில் இருவரும் ஒரே சமயத்தில் நுழைவது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.

பிள்ளை துரத்தி வந்த ஆள் ரஹீம் பாய். லுங்கி வியாபாரி. பிள்ளையின் சமஸ்தானத்தில் அவருக்குக் கடைகள் இருந்தன. ரயிலில் ஒரு தோல் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார், தூங்கும்போதுகூட இறக்கவில்லை என்றார் பிள்ளை. ரஹீம் பாய் இறங்கியதும் நேரே மயிலாப்பூர் போனார். யார் வீட்டுக்கு என்று பார்த்தால், துணி கண்ட்ரோல் ஆபீஸில் ஹெட் கிளார்க் இஸ்மாயில் சாயபு வீட்டுக்கு. லுங்கி வியாபாரி, துணி கண்ட்ரோல் கிளார்க், நடுவில் ஒரு தோல் பை. இதற்கு மேல் ஒரு போலீஸ்காரனுக்கு என்ன வேண்டும்? எனக்கு உள்ளே நாயனம் கேட்க ஆரம்பித்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம். தொழுகை முடிந்து ஆட்கள் திரும்பிய நேரம். இஸ்மாயில் சாயபு வீட்டை ஒட்டி ஒரு சந்து, சந்தைப் பார்த்து ஒரு ஜன்னல். ஜன்னலுக்குக் கீழே நான், பிள்ளை, கட்டியிருந்த ஒரு ஆடு. ஆடு பிள்ளையின் குடையைத் தின்னப் பார்த்தது. அவர் அதை மலையாளத்தில் அதட்டினார். அதற்கும் பாதிதான் புரிந்தது.

உள்ளே ரஹீம் பாய் குரல் கேட்டது.

“பேசினபடி கைக்கூலி முழுசா கொண்டாந்துட்டேன், பாய். இப்பவே கையில வாங்கிக்குங்க.”

பிள்ளை என் தோளைப் பிடித்தார். நான் அவர் தோளைப் பிடித்தேன். பேச்சு வார்த்தை தொடங்கிய நாளிலிருந்து இரண்டு அரசாங்கமும் கருத்து வேறுபாடு இல்லாமல் புரிந்துகொண்ட முதல் சொல் அதுதான். தமிழிலும் கைக்கூலி என்றால் லஞ்சம். மலையாளத்திலும் கைக்கூலி என்றால் லஞ்சம்.

இஸ்மாயில் சாயபு சொன்னார்: “அவசரம் என்ன பாய், சர்பத்து குடிங்க. நானா வாய் திறந்து கேட்டேனா? ஊர் வழக்கம், நீங்க தர்றீங்க.”

“பெரியவருக்கு வந்ததைவிட இது கூடத்தான்.”

“சின்னவருக்கு இது போதும். அதிகம் ஆசைப்படுற ஆள் இல்லை.”

“பெரியவர்,” என்று பிள்ளை என் காதில் சொன்னார். “மேலதிகாரி.”

“சின்னவரும் இருக்கார்,” என்றேன் நான். ஒரு ஹெட் கிளார்க்கைப் பிடிக்கப் போய், ஆபீஸையே பிடித்துவிட்டோம் என்று தெரிந்தது. பர்மனென்ட் என்ன, இன்ஸ்பெக்டரே ஆகிவிடலாம். ருக்மணியின் அப்பா இன்னும் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பார்.

வாசலுக்கு ஓடினோம். ஒப்பந்தப்படி இருவரும் ஒரே சமயத்தில் நுழைய வேண்டும். கதவு ஒற்றைக் கதவு. பிள்ளை தாராளமான உடம்புக்காரர். நானும் அப்போது ஒல்லி இல்லை. இரண்டு சர்க்காரும் நிலைப்படியில் சிக்கிக்கொண்டன. நான் பின்வாங்கினால் மாகாணத்துக்கு அவமானம். அவர் பின்வாங்கினால் மகாராஜாவுக்கு. உள்ளேயிருந்து ஒரு கிழவர் எழுந்து வந்து, விருந்துக்கு வந்தவர்கள் என்று நினைத்து, ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்து உள்ளே விட்டார். இன்னொருவர் எங்கள் மேல் பன்னீர் தெளித்தார்.

கூடம் நிறைய ஆட்கள். அத்தர் வாசனை. தட்டுத் தட்டாகப் பழம், கல்கண்டு, நடுவில் பட்டுத்துணி போட்டு மூடிய ஒரு தாம்பாளம். எல்லோரும் புதுச் சட்டை. இதைப் பார்த்த எவனுக்கும் என்ன விசேஷம் என்று தெரிந்திருக்கும். நான் நினைத்தது: லஞ்சம் வாங்குவதற்கு ஊரையே கூட்டி வைத்திருக்கிறானே, என்ன நெஞ்சழுத்தம்.

“போலீஸ். யாரும் அசையக்கூடாது,” என்றேன். துணியை எடுத்தேன். கீழே ரூபாய் நோட்டு. “இது என்ன?”

இஸ்மாயில் சாயபு கொஞ்சமும் தயங்காமல், “கைக்கூலிங்க,” என்றார்.

“சம்மதிச்சு,” என்றார் பிள்ளை. ஒப்புக்கொண்டான் என்று அர்த்தம். யாரோ கொடுத்த சர்பத்தை அதற்குள் அவர் பாதி குடித்திருந்தார்.

“யாருக்கு?”

“என் சின்ன மவனுக்கு.”

“மகனையும் கூட்டுச் சேத்துக்கிட்டியா? எதுக்கு?”

“பொண்ணைக் கட்டிக்கறதுக்கு.”

சந்தில் ஆடு மட்டும் கத்தியது. இந்த இடத்தில் புத்தியுள்ளவன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வெளியே போயிருப்பான். நான், “எந்தப் பொண்ணை?” என்று கேட்டேன்.

உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. இஸ்மாயில் சாயபுவின் அக்கா. முகத்தை நான் பார்க்கவில்லை. குரலே போதும்.

“எத்தினி பொண்ணைக் கட்டுவான் அவன்? தோ கீறாரே ரஹீம் பாய், அவரு பொண்ணை. நிச்சயம் நடக்குது நைனா இங்க. நீ இன்னான்னு நெனச்சிகினு வந்தே?”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த வீட்டில், அவர்கள் ஜனங்களில், மாப்பிள்ளைக்குக் கொடுக்கிற வரதட்சணைக்குப் பெயரே கைக்கூலி. இரண்டு சர்க்காருக்கும் ஒரே அர்த்தம் தந்த சொல்லுக்கு அந்த ஒரு கூடத்தில் மட்டும் வேறு அர்த்தம். பெரியவர் என்றால் மூத்த மகன். சின்னவர் என்றால் அதோ மூலையில் புதுத் தொப்பியோடு வேர்த்துக்கொண்டிருந்த பையன்.

நான் விடவில்லை. “அதுக்குப் பேர் வரதட்சணை,” என்றேன். “கைக்கூலின்னா லஞ்சம். வார்த்தையைச் சரியா சொல்ல வேணாமா?”

“உங்க ஊட்டுல வரதட்சணை. எங்க ஊட்டுல கைக்கூலி,” என்றது திரை. “வாங்கற கை ஒண்ணுதானே. உனக்குக் கண்ணாலம் ஆயிடுச்சா?”

“இன்னும் ஆகலை.”

“எத்தினி கேட்டுக்கீறே?”

பிள்ளை மீதிச் சர்பத்தைக் குடித்தார்.

அத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மூலையிலிருந்த மாப்பிள்ளைப் பையன் எழுந்து நின்றான். “வாப்பா, இது எனக்கு வேணாம்,” என்றான். “போலீஸே வந்து லஞ்சம்னு சொல்லிடுச்சு. நாளைக்கு ஊரெல்லாம் இதையே சொல்லும். பணத்தைத் திருப்பிக் குடுத்துடுங்க. பொண்ணு மட்டும் போதும்.”

இஸ்மாயில் சாயபு அவனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என்னைத்தான் அதிக நேரம் பார்த்தார். ரஹீம் பாய் தாம்பாளத்தை மெதுவாகத் தம் பக்கம் இழுத்து, நோட்டையெல்லாம் தோல் பையில் போட்டு, பையை மறுபடி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு எனக்கும் ஒரு சர்பத்து கொடுக்கச் சொன்னார்.

மறுநாள் புகார் வந்துவிட்டது. நல்ல காரியம் நடக்கும் வீட்டில் புகுந்து நஷ்டம் உண்டாக்கியதாக. டி.எஸ்.பி. ராவ் என்னைக் கூப்பிட்டார்.

“லஞ்சம் எங்கே?”

“இல்லை சார்.”

“வாங்கினவன்?”

“வாங்கலை சார். திருப்பிக் குடுத்துட்டாங்க.”

“அப்போ நீ என்னத்தைய்யா பிடிச்சே?”

நான் உண்மையைச் சொன்னேன். என் வழக்கம் அது. பனகல் பார்க் முனையில் டிராஃபிக் டியூட்டி போட்டார்கள். வெயிலில் நின்று ஜட்கா வண்டிக்காரர்களோடு சண்டை.

பரமேசுவரன் பிள்ளை என்ன செய்தார் தெரியுமா? ஊருக்குத் திரும்பி அறிக்கை கொடுத்தார்: ‘சென்னையில் கூட்டு நடவடிக்கை. கைக்கூலி கைமாறும் நேரத்தில் தடுக்கப்பட்டது. பணம் கொடுத்தவரிடமே திரும்ப ஒப்படைக்கப்பட்டது.’ ஒரு எழுத்துப் பொய் இல்லை. அவருக்குப் பாராட்டும் பதவி உயர்வும் கிடைத்ததாகக் கேள்வி. எனக்கு ஒரு கடிதம் போட்டார். அதிலும் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியில் சந்தோஷமாக இருந்தார்.

எனக்குக் கல்யாணம் நின்றது என்று நிச்சயமாகிவிட்டது. அவர்கள் சொல்வதற்கு முன் நாமே சொல்லிவிடலாம் என்று அம்மாவையும் அழைத்துக்கொண்டு விறகுத்தொட்டிக்குப் போனேன். “வேலை பர்மனென்ட் ஆகலை. டிராஃபிக்குல போட்டுட்டாங்க. வேற இடம் பாத்துக்குங்க,” என்றேன். பெஞ்சில்கூட உட்காரவில்லை.

ஏகாம்பரம் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“எல்லாம் கேள்விப்பட்டேன், மாப்ளே. இஸ்மாயில் சாயபு ஊட்டுக்கு நான்தான் விறகு போடறேன். வரதட்சணை வாங்கறாங்கன்னு தெரிஞ்சி, இன்னொரு சர்க்கார் போலீஸையும் இட்டுகினு போயி ரெய்டு வுட்டீங்களாமே. வேலை போனாலும் பரவால்லன்னு. இந்தக் காலத்துல யாரு செய்வாங்க? பர்மனென்ட் இன்னா பர்மனென்ட், நீங்க ஒத்தரே போதும். அடுத்த முகூர்த்தத்துல தேதி வெச்சிக்கலாம்.” பிறகு அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார். “அம்மா, நீங்க ஏதோ வரதட்சணைன்னு சொன்னது மாப்ளைக்குத் தெரிஞ்சிருக்காது. நானும் சொல்ல மாட்டேன். சொன்னா என்னியும் புடிச்சிகினு பூடுவார்.”

அம்மா வாயைத் திறந்தாள். மூடினாள். என்னைப் பார்த்தாள். அப்படி இல்லை என்று சொல்ல எனக்கும் வாய் வரை வந்தது. ஆனால் தொட்டியின் ஓரத்தில் ருக்மணி தராசைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு எல்லாம் தெரியும் என்று அவள் உதட்டைப் பார்த்தாலே தெரிந்தது. நான் முதல் தடவையாக உண்மையைச் சொல்லாமல் இருந்தேன். கல்யாணம் நடந்தது. கைக்கு ஒரு காலணா வரவில்லை. அம்மா கடைசி வரை பிள்ளையின் சமஸ்தானத்தைத் திட்டினாள்.

ருக்மணி பழைய வழக்கக்காரி. புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்பாள். ‘ஏனுங்க’, ‘இந்தா பாருங்க’ எல்லாம் மற்றவர்கள் வீட்டில். அவளுக்கு முதல் வாரத்திலேயே வேறொன்று கிடைத்துவிட்டது. பிள்ளைகள் முன்னால், சம்பந்திகள் முன்னால், மாம்பலம் மார்க்கெட்டில் கத்தரிக்காய்க் கடை முன்னால், என்னை அதைச் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். கோபப்பட்டுப் பார்த்தேன். சத்தம் கூடியதுதான் மிச்சம்.

போன மாதம் பென்ஷன் ஆபீஸுக்குப் போயிருந்தோம். கூட்டம். நான் ஜன்னலில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்தபடி, “கைக்கூலிக்காரரே, சீக்கிரம் வாங்க, வெயில் ஏறுது,” என்று கூப்பிட்டாள். வரிசை முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. உள்ளே இருந்த குமாஸ்தா பேனாவை வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“சார் எந்த இலாகாவில இருந்தீங்க?”

“லஞ்சத் தடுப்பு,” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். “அதானே பார்த்தேன்.”