பத்துக்கு எவ்வளவு?

மொட்டைமாடியில் ஓர் அம்மாள் ஈரப் போர்வையைக் கொடியில் போடுகிறார். போடுகிறார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஒரு நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு, மறுநுனியை இடது கையால் சுருட்டி மேலே வீசுகிறார். அது பாதி தூரம் போய், மனம் மாறித் திரும்பி, அவர் தலையிலேயே வந்து விழுகிறது. மறுபடியும் வீசுகிறார். வலது கை என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். வேலை நடக்கிற வீட்டுக்கு வந்துவிட்ட விருந்தாளி மாதிரி, உடம்போடு ஒட்டிக்கொண்டு சும்மா நிற்கிறது. அது தோளுக்கு மேலே ஏறி வெகுகாலம் ஆகிறது.

அந்தப் போர்வைக்கு அந்தப் பக்கம், நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வலியைப் பற்றி மறுநாள் பேசவேண்டிய உரையை ஒருவர் உரக்கச் சொல்லிப் பார்க்கிறாரே, அவரைத்தான் இன்று உங்களுக்கு அறிமுகப்படுத்தப் போகிறேன். அந்த அம்மாளின் கணவர். பேராசிரியர். இனம்: வலி நிபுணர். இந்த இனம் எல்லா ஊரிலும் உண்டு. பட்டம் வாங்கியவர்களும் உண்டு, வாங்காதவர்களும் உண்டு. வலி எப்படிப் பிறக்கிறது, எந்த வழியாகப் பயணம் செய்கிறது, எங்கே போய்ச் சேருகிறது, எதனால் ஏறுகிறது, எதனால் இறங்குகிறது எல்லாம் இவர்களுக்கு அத்துப்படி. யாருக்கு வலிக்கிறது என்பது மட்டும் தெரியாது.

இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். நீங்கள் காலை எங்கேயாவது இடித்துக்கொண்டு "ஆ" என்று சொல்லிப் பாருங்கள். மற்றவர்கள் "அடடா, என்னாச்சு?" என்று பதறுவார்கள். இவர் கண்கள் பளபளக்க ஒரு அடி முன்னால் வந்து, "பத்துக்கு எவ்வளவு?" என்பார். சைபர் என்றால் வலியே இல்லை. பத்து என்றால் இதற்கு மேல் ஒரு வலியைக் கற்பனைகூடச் செய்ய முடியாது. இடையில் ஓர் எண்ணை நீங்கள் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் அந்த இடத்தை விட்டு நொண்டிக்கொண்டுகூடப் போக முடியாது.

ஒருநாள் சமையலறையில் குழாய் ஒழுகியது. சரிசெய்ய வந்தவரின் ஸ்பானர் வழுக்கி, கட்டைவிரல் சுவருக்கும் இரும்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. பேராசிரியர் படிப்பறையிலிருந்து ஓடி வந்தார்.

"பத்துக்கு எவ்வளவு?"

"சார்?"

"வலி. சைபர்லேர்ந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க."

"கொஞ்சம் ஐஸ் இருக்குமா சார்?"

"இருக்கு. ஆனா நம்பர் சொன்னாத்தானே ஐஸ் வைக்கறதுக்கு முன்னாடி எவ்வளவு, வெச்ச பிறகு எவ்வளவுன்னு தெரியும்?"

"எட்டுன்னு வெச்சுக்குங்க சார்."

"நான் வெச்சுக்கறதா? உங்க வலிங்க அது. யோசிச்சுச் சொல்லுங்க."

ஐஸ் எடுத்துவந்து கொடுத்தது அம்மாள். இடது கையால்.

கல்லூரி அலுவலகத்துக் கணக்கர் ஒருநாள் கன்னம் வீங்கி, வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாவில் நின்றார். அவர் தோளில் கைபோட்டு நம்மவர் விளக்கினார்: "பல்லு வலிக்குதுன்னு நெனைக்கறீங்க. பல்லு வலிக்காது. பல்லு வெறும் தகவல்தான் அனுப்புது. வலியை உண்டாக்கறது மூளை." கணக்கர் பொறுமையான மனிதர். "சரி சார், அப்ப டாக்டர்கிட்ட மூளையப் பிடுங்கச் சொல்லிடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சிரிக்காதீர்கள். பேராசிரியர் சொல்வதெல்லாம் உண்மை. இடித்த இடத்தை நாம் ஏன் தேய்த்துவிடுகிறோம், தேய்த்தால் ஏன் குறைகிறது, புண் ஆறிய பிறகும் நரம்பு ஏன் பழைய பாடத்தையே ஒப்பித்துக்கொண்டிருக்கிறது, பயமும் தூக்கமின்மையும் வலிக்கு எப்படித் தீனி போடுகின்றன என்றெல்லாம் கண்டறிய, வாழ்க்கையில் பாதியைச் செலவழித்தவர் அவர். அவர் உரையைக் கேட்டால் நீங்களும் கண் கலங்குவீர்கள். மேடையில் அவர் சொல்லும் ஒரு வாசகம் உண்டு. "வலிக்குதுன்னு ஒருத்தர் சொன்னா, வலிக்குது. மொதல்ல நம்புங்க. அப்புறம் உட்கார்ந்து கேளுங்க. பாதி வைத்தியம் அதுதான்." இதைக் கேட்ட ஒரு பெண்மணி, எந்த டாக்டரிடம் போனாலும் எல்லாம் உன் மனப்பிரமை என்று திருப்பி அனுப்பப்பட்டவர், கூட்டம் முடிந்ததும் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதார். இவரும் அழுதார். பொய் அழுகை இல்லை. வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேஜையில் அதை மனைவியிடம் சொன்னபோது மறுபடியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாவம்" என்றார் அம்மாள். தண்ணீர்க் கூஜாவை அவர் பக்கம் நகர்த்தினார். இடது கையால். "என்னங்க, எனக்கும் இந்தத் தோள்..."

"தோள் ரொம்பச் சுவாரசியமான மூட்டு" என்றார் பேராசிரியர்.

மேஜையில் சிந்தியிருந்த தண்ணீரில் விரலைத் தொட்டுப் படம் வரைந்தார். இது கிண்ணம், இது பந்து, இது சுற்றியிருக்கிற உறை. இங்கிருந்து நரம்பு புறப்படுகிறது, தண்டுவடத்துக்கு வருகிறது, இங்கே ஒரு காவல்காரன் நிற்கிறான், சிலதை உள்ளே விடுவான், சிலதை விடமாட்டான், பிறகு மேலே, மேலே, இதோ மூளை. அழகான படம். மூளைக்கு வந்த நேரத்தில் தொலைபேசி அடித்தது, எழுந்து போய்விட்டார். அம்மாள் கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தார். பிறகு ஈரத்துணி எடுத்து, தோளிலிருந்து மூளைவரை ஒரே இழுப்பாகத் துடைத்து மேஜையைச் சுத்தம் செய்தார்.

இந்த இனத்துக்கே வலி வந்தால் என்ன ஆகும்? நல்ல கேள்வி. ஒரு காலை பேராசிரியரின் சுண்டுவிரல் கட்டில் காலில் மோதியது. தெருவில் போனவர்கள் நின்று மேலே பார்த்தார்கள். காவல்காரன், தண்டுவடம், தகவல் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. கட்டிலைத் திட்டினார், கட்டில் செய்தவனைத் திட்டினார், அதை அங்கே போடச் சொன்ன மனைவியைத் திட்டினார். கல்லூரிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த மகள் கதவருகில் நின்று, முகத்தை மிகவும் சாதுவாக வைத்துக்கொண்டு கேட்டாள்:

"பத்துக்கு எவ்வளவுப்பா?"

"பதினொண்ணு."

"பத்துக்கு மேல கிடையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"இது வேற" என்றார் விஞ்ஞானி.

இனி அம்மாளின் தோளுக்கு வருவோம். அவர் பள்ளிக்கூட ஆசிரியை. கணக்கு டீச்சர். சில மாதங்களாகக் கரும்பலகையின் கீழ்ப்பாதியில் மட்டும் எழுதுகிறார். மேல்பாதி கன்னங்கரேலென்று புதிதாக இருக்கிறது. பின்பெஞ்சுப் பிள்ளைகள் எழுந்து நின்று கணக்கைப் பார்த்து எழுதுகிறார்கள். எலும்பு டாக்டரிடம் தனியாகப் போய்க் காட்டிவிட்டு வந்தார். மூட்டு இறுகிக்கொண்டே போகிறது, இனியும் தள்ளிப்போட்டால் கை மொத்தமாக முடங்கிவிடும், பிறகு பலகையும் இல்லை, கொடியும் இல்லை என்றார் டாக்டர். மூட்டுக்குள் ஓர் ஊசி போடவேண்டும். அன்றைக்குக் கையை அசைக்க முடியாது, கூட ஒருவரை அழைத்து வாருங்கள் என்றும் சொல்லி அனுப்பினார். கூட ஒருவர் என்றால் யார்? உலகமே யாரிடம் போய் வலியைச் சொல்கிறதோ, அவர்தான். அவர் வருகிறேன் என்றார். முதலில் ஒரு மாநாடு வந்தது. பிறகு ஒரு கட்டுரை. அதற்குப் பிறகு, இந்த ஆராய்ச்சி.

ஆராய்ச்சி என்னவென்றால், நீண்டகாலமாக வலியோடு வாழும் பெண்களையும், வலியே இல்லாத பெண்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். நடுவயதுப் பெண்களாக இருக்கவேண்டும். வலி உள்ளவர்கள் வரிசையில் வந்து நின்றார்கள். வலி இல்லாதவர்கள்தான் கிடைக்கவில்லை. அறிவிப்பைப் பார்த்து வந்தவர்கள் எல்லாரும், "எனக்கு ஒண்ணுமே இல்லைங்க, நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, நாற்காலியிலிருந்து எழும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டார்கள். "அது வலியா? அது எப்பவும் இருக்கறதுதானே" என்றார்கள். பேராசிரியர் நூலகத்தில் தேடினார், வங்கியில் தேடினார், மாமியார் வீட்டு வழி உறவிலெல்லாம் தேடினார். எங்குமே வலிக்காத ஐம்பது வயதுப் பெண்மணி ஒருத்திகூட அகப்படவில்லை. நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு மாலை, சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்துச் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் அப்படி ஓர் ஒளி.

"அட, நீ இருக்கியே!"

அம்மாள் இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவைத்தார். இடது கையால்.

"எதுக்கு?"

"நம்ம லேபுக்கு நாளைக்கு வா. ஒரு சின்னச் சோதனை. உன்னை மாதிரி ஆரோக்கியமான ஒருத்தர் வேணும்."

ஒரு நீண்ட பார்வை பார்த்தார் அம்மாள். அந்தப் பார்வையை அளக்க இதுவரை எந்த அளவுகோலும் இல்லை.

"எலும்பு டாக்டர் ரூமும் அந்தக் கட்டடத்துலதான இருக்கு?"

"ஆமா, கீழ்த்தளத்துல."

"வர்றேன். சோதனை முடிஞ்சதும் நீங்க என்கூட கீழ வரணும்."

"வர்றேன், வர்றேன்" என்றார் பேராசிரியர், கைபேசியில் உதவியாளருக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே. ஆள் கிடைத்துவிட்டது.

ஆய்வுக்கூடம் சின்ன அறை. முழங்கால் உயரத்தில் ஒரு தொட்டி, அதில் ஐஸ் மிதக்கும் தண்ணீர். கையை மணிக்கட்டுவரை அதில் விடவேண்டும், தாங்கமுடியாதபோது எடுத்துவிடலாம். எவ்வளவு நேரம் தாங்குகிறார்கள் என்று பார்ப்பார்கள். நர்ஸ் ஒருவர் அம்மாளை உட்காரவைத்து, வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"உங்களுக்கு உடம்புல எங்கயாவது வலி இருக்காம்மா?"

"அதெல்லாம் இல்ல" என்றார் பேராசிரியர், கணினித் திரைக்குப் பின்னாலிருந்து. "என் வீட்டுக்காரங்கதான். எனக்குத் தெரியாதா?"

அம்மாள் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். ஏன் சொல்லவில்லை என்கிறீர்களா? சொல்லியாயிற்றே. எத்தனை தடவை சொல்வது? வலது கையை இடது கையால் எடுத்து, ஒரு குழந்தையை இறக்கிவிடுவது போலத் தண்ணீருக்குள் விட்டார்.

சாதாரணமாக இந்தத் தொட்டியில் கைவிட்டவர்கள் சீக்கிரத்திலேயே நெளிவார்கள், பல்லைக் கடிப்பார்கள், கடவுளைக் கூப்பிடுவார்கள், கையை உதறி எடுத்துவிடுவார்கள். அம்மாள் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நேரம் போனது. நர்ஸ் பேராசிரியரைப் பார்த்தார். பேராசிரியர் திரையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், எழுந்தே வந்துவிட்டார்.

"போதும்மா, எடுத்துடுங்க" என்றார் நர்ஸ்.

"இருக்கட்டுமே. சுகமா இருக்கு."

"சுகமாவா?"

"கை விறைச்சுப்போச்சு. ஆனா இது வலிக்கிற வரைக்கும் தோள் வலி கொஞ்சம் மறந்திருக்கு."

பேராசிரியர் துள்ளினார். "பார்த்தீங்களா? இதைத்தான் சொல்லிக்கிட்டே இருக்கேன். ஒரு வலி இன்னொரு வலியை அமுக்கும். மூளையிலேர்ந்து கீழ இறங்குற பாதை ஒண்ணு இருக்கு, அது வழியா உத்தரவு வந்து தண்டுவடத்துல காவல்காரன்..." காவல்காரனோடு பேச்சு நின்றது. நெற்றி சுருங்கியது. மெதுவாக மனைவியின் பக்கம் திரும்பினார்.

"எந்தத் தோள்?"

"உங்க தோள் இல்ல" என்றார் அம்மாள்.

நர்ஸ் அவசரமாகக் குனிந்து துண்டு தேடினார்.

இப்போது அவர் முகத்தைப் பார்க்கவேண்டும். அதிர்ச்சி, வெட்கம், வருத்தம் எல்லாம் வரிசையாக வந்து போயின. அவர் கெட்டவர் இல்லை. ஆனால் வரிசையின் கடைசியில் வந்தது ஓர் ஆராய்ச்சியாளரின் கவலை. "அடடா, அப்ப நீ வலி இல்லாதவங்க குழுவுல இருக்க முடியாதே." உடனே இன்னோர் ஒளி. "பரவாயில்ல, அந்தப் பக்கத்துக் குழுவுல சேர்த்துடலாம். எப்பலேர்ந்து இருக்கு? குத்துற மாதிரியா, எரியற மாதிரியா, இழுக்கற மாதிரியா? ராத்திரி படுத்தா அதிகமா? என்கிட்ட ஏன் சொல்லல?"

அம்மாள் துண்டை வாங்கிக் கையைத் துடைத்தார். விரல் விரலாக, அவசரமில்லாமல். துண்டை மடித்து நாற்காலி முதுகில் போட்டார். கைப்பையை இடது தோளில் மாட்டிக்கொண்டார்.

"கீழ டாக்டர் வந்திருப்பார். வர்றீங்களா?"

"இதோ, இதோ. ஒரு நிமிஷம். இதை மட்டும் சொல்லிடு. பத்துக்கு எவ்வளவு?"

அம்மாள் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். தானாக மூடும் கதவு அது. மெல்ல, மெல்ல, பெருமூச்சு விட்டுக்கொண்டு மூடியது. பேராசிரியர் பின்னால் ஓடினாரா என்று கேட்பீர்கள். ஓடினார். தொட்டியின் குளிர் எவ்வளவு என்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் ஓடினார்.

நல்லவேளை, நமக்கெல்லாம் அவ்வளவு படிப்பு இல்லை என்று நிம்மதியாகச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் யாரோ உங்கள் அறைக்கு வந்தார்கள், நினைவிருக்கிறதா? இடுப்பையோ தலையையோ பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார்கள். நீங்கள் கண்ணை எடுக்காமல் "ம்... வெந்நீர் வெச்சு ஒத்தடம் குடு" என்றீர்கள். அல்லது வெறும் "ம்" தானா? என்ன சொன்னார்கள் என்று இப்போது கேளுங்கள். சத்தமாகவே கேளுங்கள். அவர்கள் எப்போதோ எழுந்து போய்விட்டார்கள்.