மயக்கம் தெளிய அறுபது நாள்

தீர்ப்பு என் பக்கம்தான் வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் எனக்குச் சாதகமாக வந்த முதல் தீர்ப்பு அது. சாட்சி கீழ்வீட்டு வக்கீல். வேண்டுமானால் அவரைக் கேட்டுக்கொள்ளலாம்.

ஊருக்கெல்லாம் மூக்குக் கண்ணாடி மாட்டிவிடுவது என் தொழில். "இதுல எழுத்து தெரியுதா, இதுல தெரியுதா" என்று நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு, எனக்கென்று ஒரு கண்ணாடி வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. எழுத்து தெரிகிற கண்ணாடி இல்லை, வேறு உலகமே தெரிகிற கண்ணாடி. வி.ஆர். என்கிறார்களே, முகத்தில் ஒரு பெட்டியை மாட்டிக்கொண்டு, கைக்கொரு பிடியைப் பிடித்துக்கொண்டு, காற்றில் கத்தி வீசுவார்களே, அதேதான். ஒரு மணி நேரம் ஆட, ராத்திரி முழுக்க சார்ஜ் குடிக்கும். குடிக்கட்டும் என்று வாங்கி வந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். மயக்க மருந்து கொடுக்கிற டாக்டருக்குப் பக்கத்திலேயே நின்று பழகியவள். ஆள் அரைத்தூக்கமா, முழுத்தூக்கமா என்று மூச்சை வைத்தே சொல்லிவிடுவாள். இந்த விவரத்தை நான் அப்போதே கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

பெட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இது எதுக்குங்க?"

"விளையாட."

"யாரு விளையாட?"

"நான்தான்."

"எத்தனை நாளைக்கு?"

"ஆயுசுக்கும்."

"நடக்கிற மெஷின் வாங்கினப்பவும் ஆயுசுக்கும்னுதான் சொன்னீங்க. இப்ப அதுல துண்டு காயுது."

"அது வெறும் மெஷின்மா. இது வேற உலகம். மயங்கிடுவே."

"எந்த மயக்கமும் தெளிஞ்சுதான் ஆகணும். தினம் பார்க்கிற வேலைதானே எனக்கு. மோகம் முப்பது நாள், ஆசை அறுபது நாள். அப்புறம் அந்தப் பெட்டியும் பரண் மேல ஏறிடும். அதுக்கு எதுக்குப் பின்னாடி ரூமை அடைக்கிறீங்க?"

விஷயமே அந்தப் பின்னறைதான். நைட் டூட்டி முடித்துவிட்டு வந்தால் அவளுக்குப் பகலில் தூங்க இடமில்லை. ஹாலில் படுத்தால் காலிங் பெல், பெட்ரூமில் படுத்தால் ரோட்டு ஹாரன். வீட்டிலேயே இருட்டும் அமைதியுமான அறை அது ஒன்றுதான். அவள் கேட்டது நியாயம். ஆனால் எனக்கு வந்தது ஆசை. ஆசைக்கும் நியாயத்துக்கும் என்றைக்கு ஒத்துப்போயிருக்கிறது?

"பந்தயம் கட்டிக்கலாமா?" என்றேன். "அறுபது நாள் தாண்டியும் என் மயக்கம் தெளியலைன்னா, ரூம் எனக்கு. தெளிஞ்சா உனக்கு."

"தெளிஞ்சதை யாரு சொல்றது? நீங்களா?"

அப்போதுதான் கீழ்வீட்டு வக்கீல் மேலே வந்தார். தலையில் சுண்ணாம்புத் தூள். பெட்டி வாங்கி வந்த சந்தோஷத்தில் நான் குதித்த குதியில் அவர் வீட்டு மேற்கூரை உதிர்ந்திருந்தது. சண்டைக்கு வந்த மனிதரைப் பிடித்து நடுவராக்கிவிட்டோம். அவரும் ஒரு கேஸ் கிடைத்ததே என்று உட்கார்ந்துவிட்டார்.

"சோதனை ரொம்ப சிம்பிள்," என்றார். "இவர் மாட்டிக்கிட்டு இருக்கும்போது நீங்க கூப்பிடுங்கம்மா. காதுல விழலைன்னா மயக்கம் இருக்குன்னு அர்த்தம். விழுந்துச்சுன்னா தெளிஞ்சு போச்சுன்னு அர்த்தம். தினமும் ஒரு மணி நேரம் ஆடணும். சரியா?"

"நான் உள்ள போயிட்டா இடி விழுந்தாலும் கேக்காது சார்," என்றேன்.

உண்மையாகவே கேட்கவில்லை. முதல் நாள் ஒரு மலை உச்சியில் நின்றேன். கீழே பார்த்ததும் பின்னறைத் தரையைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். மறுநாள் டிராகன் வந்தது. வெட்டினேன். டிராகனுக்கு ஒன்றும் ஆகவில்லை, டியூப்லைட் செத்தது. அவள் எத்தனை தடவை கூப்பிட்டாளோ, சத்தியமாக ஒன்றும் என் காதில் விழவில்லை. கடையில் வாடிக்கையாளர் எழுத்துப் பலகையைப் படித்துக்கொண்டிருக்கும்போதே நான் சாயங்காலத்தை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். என் வயசு ஆளுக்கு இப்படி ஒரு சந்தோஷமா என்று எனக்கே ஆச்சரியம்.

மூன்றாவது வாரமோ என்னவோ, டிராகன் குகையை விட்டு வந்தது. வழக்கம்போல இடது பக்கத்திலிருந்து வந்தது. வழக்கம்போலத் தலையைச் சிலுப்பியது. எனக்குக் கொட்டாவி வந்தது. ஒரு சின்னக் கொட்டாவிதான், ஆனால் பெட்டிக்குக் கீழே வாய் திறந்தே இருக்கிறதே. அன்றைக்குப் பார்த்து அவள் அறை வாசற்படியில் நின்று நகம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாளிலிருந்து எல்லாம் இறங்குமுகம். கழுத்து வலித்தது, மூக்கில் தடம் விழுந்தது. டிராகனைப் பார்த்தால், தினமும் கடைக்கு வந்து ஃபிரேம் எல்லாம் மாட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் போவாரே ஒரு பெரியவர், அவர் ஞாபகம் வந்தது. தெளிந்துவிட்டது. சுத்தமாகத் தெளிந்துவிட்டது. ஆனால் ரூம் போய்விடுமே. அதைவிடப் பெரிசு, அவள் சொன்னது பலித்துவிடுமே.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. பெட்டி போட்டிருந்தால் கண் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? கடையை மூடிவிட்டு வந்ததும் ஒரு மணி நேரம் நிம்மதியான தூக்கம். பொத்தானை அழுத்துகிற வேலைகூட இல்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு செய்ததால் இதுதான் அசல் கண்கட்டு வித்தை.

"இனிமே விமானம் ஓட்டற ஆட்டம்," என்று அறிவித்தேன். "உக்காந்துக்கிட்டேதான் ஆடணும்."

"குதிக்க வேண்டாமா?"

"பைலட் எங்கயாவது குதிப்பானா?"

நாற்காலியில் சாய்ந்தேன். நடுநடுவே முழிப்பு வரும்போது உடம்பை இடது பக்கம் சாய்த்து, "திரும்புறோம்" என்பேன். ஒரு நாள் கேட்டாள்.

"நேத்து உள்ளேருந்து கர்ர்ருனு ஒரு சத்தம் வந்துச்சே, என்னங்க அது?"

"இன்ஜின்."

"ஓ. பெரிய விமானம் போல."

நம்பிவிட்டாள் என்று நினைத்தேன். உள்ளுக்குள் துள்ளிக் குதித்தேன்.

பிறகுதான் அந்த வினோதம் ஆரம்பித்தது. நான் வானத்தில் இருக்கும்போது அவள் வாசற்படியில் வந்து நிற்பாள். மெதுவாகப் பேசுவாள்.

"என்னங்க, உங்க கட்டம் போட்ட சட்டையைத் தரை துடைக்க எடுத்துக்கட்டுமா? வேண்டாம்னா சொல்லுங்க."

தூக்கிவாரிப் போட்டது. என் ராசியான சட்டை. கடை திறந்த அன்றைக்குப் போட்டது. வாயைத் திறந்தால் காதில் விழுந்தது என்று ஆகிவிடும். காதில் விழுந்தால் ரூம் போச்சு. பல்லைக் கடித்துக்கொண்டு பறந்தேன்.

"மௌனம் சம்மதம்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் என் சட்டை தரையில் தவழ்ந்தது. பார்த்தும் பார்க்காதவன் மாதிரி தாண்டிப் போனேன். யுத்தம் என்றால் சேதம் இருக்கத்தான் செய்யும்.

இரண்டு நாள் கழித்து, "என்னங்க, நம்ம பழைய ஸ்கூட்டரை என் தம்பிக்குக் குடுத்துடலாமா?" என்றாள். நான் இடது பக்கம் சாய்ந்தேன். "திரும்புறோம்," என்றேன். ஸ்கூட்டர் திரும்பவில்லை. மச்சான் நன்றி சொல்ல வந்தபோது, "எதுக்குப்பா?" என்று கேட்டு ஆச்சரியப்பட வேண்டியிருந்தது. அந்த ஆச்சரியத்துக்கே எனக்கு ஒரு பரிசு தரலாம்.

அடுத்து, ஞாயிற்றுக்கிழமை பாத்ரூம் கழுவுவது என் பொறுப்பானது. அதற்கும் மௌனம். அதற்கும் சம்மதம்.

கடைசி வாரம் வக்கீலையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"சார் முன்னாடியே கேக்குறேங்க. பந்தயத்துல நீங்கதான் ஜெயிப்பீங்க போல. ஜெயிச்சதும் ரூமை எனக்கே அன்பளிப்பாக் குடுத்துடறீங்களா? மறுப்பு இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

வக்கீல் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். நானோ பெட்டிக்குள் சிரித்துக்கொண்டேன். பாவம், சட்டம் தெரியாதவள். காதில் விழாதவன் எப்படிச் சம்மதிக்க முடியும்? அந்த அன்பளிப்பு செல்லவே செல்லாது. வாயைத் திறக்காமல் வானத்திலேயே இருந்தேன்.

அறுபது நாளும் முடிந்தது. ஹாலில் சபை கூடியது. டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அவள் பையோடு உட்கார்ந்திருந்தாள். வக்கீல் எழுந்து நின்றார்.

"இவர் தினமும் ஆடியிருக்கார். எத்தனை கூப்பிட்டும் காதுல விழல. பந்தயத்துல இவர் ஜெயிச்சார்."

"ஒத்துக்கறேன் சார்," என்றாள். "ஆனா ரூமை எனக்குக் குடுத்துட்டாரே. உங்க முன்னாடிதானே கேட்டேன்?"

இதற்காகத்தான் காத்திருந்தேன். எழுந்து நின்றேன். என் கடை எழுத்துப் பலகையின் முதல் எழுத்து மாதிரி பெரிசாக நின்றேன்.

"சார், என் காதுல விழுந்திருந்தா நான் பந்தயத்துல தோத்தேன். விழலைன்னா அன்பளிப்பு செல்லாது. ரெண்டுல ஒண்ணுதானே இருக்க முடியும்?"

"கரெக்ட்," என்றார் வக்கீல். அவருக்கே பிரமிப்பு. "விழுந்துச்சா?"

"ஒரு எழுத்துகூட விழல. அன்பளிப்பும் செல்லாது, ஸ்கூட்டரும் செல்லாது, பாத்ரூமும் செல்லாது. சட்டையைத் துவைச்சு மடிச்சு வைக்கணும்."

"ரூம் இவருக்கே," என்றார் வக்கீல்.

இதுதான் நான் சொன்ன தீர்ப்பு. அந்த நேரத்தில் என்னை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவள் டூட்டிப் பையை மடிமேல் இழுத்து வைத்துக்கொண்டாள். எனக்கே அவள் மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது. வேண்டுமானால் மத்தியானத்தில் ஒரு மணி நேரம் படுத்துக்கொள்ளட்டும் என்று பெருந்தன்மையாகச் சொல்ல வாயெடுத்தேன்.

"ஒரே ஒரு சந்தேகங்க," என்றாள். "நான் கேட்டப்போ நிஜமாவே விமானம் ஓட்டிக்கிட்டு இருந்தீங்களா?"

"பின்னே? முப்பதாயிரம் அடி உயரத்துல."

"எல்லா நாளும்?"

"எல்லா நாளும். ஒரு நாள்கூடத் தரையிறங்கல."

டூட்டிப் பையைத் திறந்தாள். கறுப்பு வயர் ஒன்றை எடுத்து வக்கீல் முன்னால் வைத்தாள்.

"இதோட சார்ஜர் சார். அவர் கொட்டாவி விட்டப்பவே சந்தேகம் வந்துச்சு, இன்ஜின் சத்தம் கேட்ட அன்னிக்கே எடுத்துட்டேன். அதுலேருந்து என் பையிலதான் இருக்கு."

வக்கீல் வயரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு செருப்பைத் தேடிக்கொண்டு கீழே போய்விட்டார்.

இப்போது பகல். நான் ஹாலில், காலிங் பெல்லை யாரும் தொட்டுவிடாமல் காவல் இருக்கிறேன். பின்னறைக் கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே இன்ஜின் சத்தம் கேட்கிறது, ஓட்டுவது அவள்.