பதினோராவது நிமிடத்தில் பிரேமாவதி

ஆறு வாரத்தில் சுகர் இறங்காவிட்டால் ஊசிதான் என்று கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி சொன்னபோது, யோகேந்திரன் அங்கேயே ஒரு சபதம் எடுத்தார். நாளையிலிருந்து தினமும் காலையில் நாற்பது நிமிடம் நடப்பேன் என்றார். மிஸ்ஸி நம்பினார். பிரேமாவதி நம்பவில்லை. அவள் இருபத்தாறு வருடமாக அவரோடு குடும்பம் நடத்துகிறவள்.

ஊசி என்றால் அவருக்கு அப்படி ஒரு பயம். வீட்டில் ரவிக்கை தைக்கும் மனைவியின் ஊசியைக்கூட ஒரு முழம் தள்ளி நின்றுதான் பார்ப்பார். ஆனால் நடை அதைவிடப் பெரிய பயம். பாடாங் மேஹா பக்கத்தில் ஒரு செம்பனை ஆலையில் எடைமேடையில் வேலை. லாரி ஏறும், எண் விழும், எழுதிக்கொள்வார். ஒரு நாளைக்கு எண்பது லாரிக்கு எடை பார்க்கிறவர், தன் எடையைப் பார்த்து எட்டு வருடம் ஆகிறது. ஆலையில் ஒரு நாற்காலி, வீட்டில் ஒரு நாற்காலி. இரண்டுக்கும் நடுவே மோட்டார் சைக்கிள்.

மறுநாள் காலை, சப்பாத்து கடிக்கிறது என்றார். பிரேமாவதி சாயங்காலமே புதுச் சப்பாத்து வாங்கி வந்தாள். நாய் துரத்தும் என்றார். ஒரு கம்பைச் சீவிக் கையில் கொடுத்தாள். பாட்டு இல்லாமல் நடந்தால் கால் நகராது என்றார். கைப்பேசியில் கேட்கச் சொன்னாள். நடுநடுவே மெசேஜ் வந்து தாளத்தைக் கெடுக்கும், தாளம் கெட்டால் நடை கெடும், நடை கெட்டால் முட்டி போகும் என்று வரிசையாக விளக்கினார்.

பக்கத்து வீட்டு ஜெயகுமார் பாடாங் செராயில் கைப்பேசிக் கடை வைத்திருப்பவன். இரண்டு நாளில் பிரேமாவதி அவனிடம் சொல்லி ஒரு எம்.பி.த்ரீ பிளேயர் வரவழைத்துவிட்டாள். தீப்பெட்டி அளவுதான். மெசேஜ் வராது, போன் வராது, பாட்டு மட்டும் பாடும்.

யோகேந்திரன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தப்பிக்க வழியே இல்லையோ என்று ஒரு கணம் தோன்றியது. அப்புறம் முகம் மலர்ந்தது.

"பாட்டை இதுக்குள்ள ஏத்தணும். அதுக்கு ஒரு சாப்ட்வேர் வேணும்," என்றார்.

"ஒண்ணைப் போட்டு ஏத்துங்க."

"இது சட்டை எடுக்கிற மாதிரி இல்ல பிரேமா. சம்பந்தம் பேசுற மாதிரி. நாலு இடம் பார்க்கணும்."

அவருடைய லேப்டாப்பில் நாலாயிரம் பாட்டு இருந்தது. ஆயுசு முழுக்கச் சேர்த்தவை. அவற்றில் தொள்ளாயிரத்துக்கு ஒரே பெயர், டிராக் 01. எது சோகம், எது குத்து என்று திறந்து கேட்டால்தான் தெரியும். இதையெல்லாம் பாடகர் வாரியாக, ஆண்டு வாரியாக அடுக்கித் தருகிற சாப்ட்வேர் கிடைக்கும்வரை ஓர் அடிகூட எடுத்துவைக்க முடியாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, ஒரு கோடு போட்ட நோட்டில் கட்டம் கட்டி ஆராய்ச்சியைத் தொடங்கினார்.

முதல் வாரம் ஒரு சாப்ட்வேர். அது ஒவ்வொரு பாட்டுக்கும் அட்டைப்படம் கேட்டது. கேட்டால் கொடுக்க வேண்டாமா? ஏழு நாள் உட்கார்ந்து படம் தேடினார். இரண்டாம் வாரம் இன்னொன்று. அது கெட்டிக்காரச் சாப்ட்வேர், பாடகர் பெயரைத் தானே கண்டுபிடிக்கும். கண்டுபிடித்து, கல்யாணப் பாட்டையெல்லாம் ஒரு சீனப் பாடகி பெயரில் பதிந்து வைத்தது. மூன்றாவது, பிளேயரையும் கம்ப்யூட்டரையும் ஒத்துப்போகச் செய்யும் வகை. அதற்கு சிங்க் என்று பெயர். சிங்க் நடந்துகொண்டிருக்கிறது, தன்னைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று அவர் சொன்னபோது, அந்தச் சிங்க்கில் நேற்றுப் பாத்திரமும் கிடக்கிறது, அதையும் சேர்த்து முடித்துவிடுங்கள் என்றாள் பிரேமாவதி. பாத்திரம் கழுவிவிட்டு வந்து பார்த்தால், பிளேயரில் போட்டுப் பார்த்த பத்துப் பாட்டும் போயிருந்தது. கம்ப்யூட்டரில் அந்தப் பட்டியல் காலியாக இருந்ததாம், அதோடு பிளேயரும் ஒத்துப்போய்விட்டது.

வேறொருவராக இருந்தால் தலையில் கைவைத்திருப்பார். யோகேந்திரன் நோட்டில் 'மறுபடி முதலிலிருந்து' என்று திருப்தியோடு எழுதினார்.

நாலாவதாக ஒன்று இருந்தது. இடப்பக்கம் ஒரு பெட்டி, வலப்பக்கம் ஒரு பெட்டி. இங்கிருந்து அங்கே இழுத்துவிட்டால் பாட்டு ஏறிவிடும், விட்ட வரிசையிலேயே பாடும். ஆபத்தான சாப்ட்வேர். பத்தே நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். 'பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்கு உரியது' என்று எழுதி அடித்துவிட்டார்.

அதற்குள் மூன்று வாரம் போயிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலியோரம் நின்று ஜெயகுமாரிடம் ரகசியத்தைச் சொன்னார். சாப்ட்வேர் கிடைக்காதவரை நடை கிடையாது தம்பி, உலகத்தில் சாப்ட்வேருக்குப் பஞ்சமும் கிடையாது. இந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த பிரேமாவதிக்கு அது முழுசாகக் கேட்டது.

"என்னக்கா, அண்ணே இன்னும் சாப்ட்வேர்தான் பார்க்கிறாரா?" என்று, அவள் நிற்பதைக் கண்டுவிட்ட ஜெயகுமார் சமாளித்தான்.

"அவரு எங்க தம்பி சாப்ட்வேர் பார்த்தாரு. சாப்டவரு, அவ்வளவுதான்," என்றாள்.

சிரித்துத்தான் சொன்னாள். ஆனால் துணியை உதறிய கை நின்றுவிட்டது. அவளுடைய அண்ணன் பசுபதிக்குப் போன வருடம்தான் செர்டாங் ஆஸ்பத்திரியில், இதே சுகரால், கால்விரல் இரண்டை எடுத்தார்கள். அவரும் இப்படித்தான், நாளைக்கு நாளைக்கு என்று சிரிக்கச் சிரிக்கப் பேசியவர். அன்று ஆஸ்பத்திரி வாசலில் அண்ணனின் ஒற்றைச் செருப்பைப் பிடித்துக்கொண்டு நின்றது அவளுக்கு நினைவுக்கு வந்தது.

திங்கட்கிழமை கணவர் ஆலைக்குப் போனதும் அவள் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, அவர் நடக்கவேண்டிய பாதையைத் தானே ஒரு தடவை நடந்தாள். தையல்காரி, அளவெடுக்காமல் துணியில் கத்தரி வைக்கமாட்டாள். தொழுகை நடக்கும் சூராவ் முனைக்கு எத்தனை நிமிடம், மருதம்மாள் சாப்பாட்டுக் கடைக்கு எத்தனை நிமிடம், அதற்கப்புறம் இருக்கும் மேட்டுக்கு எத்தனை, எல்லாவற்றையும் ரவிக்கை அளவு எழுதும் சிட்டையில் குறித்துக்கொண்டாள். பிறகு கைப்பேசியை வாய்க்கு நேரே பிடித்துக் கொஞ்ச நேரம் பேசினாள். லேப்டாப்பைத் திறந்து, கணவர் அடித்துவிட்ட அந்த நாலாவது சாப்ட்வேரில் இழுத்தாள், விட்டாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் வாசலில் சப்பாத்து இருந்தது. அதன்மேல் கம்பு. கம்பின்மேல் பிளேயர், பாட்டு நிறைய.

யோகேந்திரன் சப்பாத்தை மாட்டிக்கொண்டார். ஆனாலும் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார். பத்து நிமிடம் நடந்தால் மருதம்மாள் கடை. அங்கே ஒரு ரொட்டி சானாய், நுரை பொங்க ஆற்றிய பால் தேநீராக ஒரு தே தாரிக், இருபது நிமிடம் பேப்பர். அப்படியே திரும்பி வந்தால் நாற்பது நிமிடமும் ஆகிவிடும், பசியாறினதாகவும் இருக்கும். உற்சாகமாகவே புறப்பட்டார்.

பாட்டு அருமையாக இருந்தது. சூராவ் முனை தாண்டியது. ரொட்டி வாசனை மூக்கைத் தொட்டது. கால் தானாகக் கடைப்பக்கம் திரும்பியது. அப்போது பாட்டு முடிந்து காதுக்குள் ஒரு குரல் சொன்னது.

"என்னங்க, நேராப் போங்க. அங்க என்ன வாசனை பிடிக்கிறீங்க."

யோகேந்திரன் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. ஒரு கோழிதான் ரோட்டைக் கடந்தது. பிளேயரில் அடுத்த பாட்டுக்கான பொத்தானை அமுக்கினார்.

"தாண்டிட்டீங்களா? எனக்குத் தெரியும். அதான் இங்கயும் பேசி வெச்சிருக்கேன். நடங்க."

காதிலிருந்து கழற்றியிருக்கலாம். அது அவருக்கு மேட்டின் உச்சிக்குப் போய் மூச்சு வாங்கும்போதுதான் தோன்றியது. இருபத்தாறு வருடப் பழக்கம், அந்தக் குரல் நட என்றால் கால் நடந்துவிடுகிறது. அந்த உச்சியிலும் அவள் இருந்தாள். உட்காராதீங்க, இன்னும் ரெண்டு பாட்டுதான் என்றாள்.

நாலு நாள் இப்படியே போனது. வெள்ளிக்கிழமை சாயங்காலம், பிரேமாவதி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, அவர் பிளேயரை லேப்டாப்பில் செருகி உட்கார்ந்தார். மூன்று வாரமாகப் பிடிபடாத சாப்ட்வேர் கலை ஐந்து நிமிடத்தில் பிடிபட்டது. சனிக்கிழமைக்கென்று அவள் தனியாக ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தாள். அதில் அவள் குரல் இருந்த துண்டுகளை, ஒன்றைக்கூடத் திறந்து கேட்காமல் அழித்தார். பாட்டை மட்டும் விட்டுவைத்தார்.

சனிக்கிழமை பதினோராவது நிமிடத்தில் காதுக்குள் புல்லாங்குழல் மட்டும் கேட்டது. யோகேந்திரன் ராஜாவைப் போல மருதம்மாள் கடைக்குள் நுழைந்தார். இரண்டு ரொட்டி, பருப்புக் கறி, மேலே கொஞ்சம் சம்பால், சீனி போட்ட தே தாரிக். ஊரை ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றி, வாசனை போன பிறகு வீடு திரும்பினார்.

பிரேமாவதி தையல் மிஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"நான் சொன்னது கேட்டுச்சா?"

"தெளிவாக் கேட்டுச்சு."

"சொன்ன மாதிரியே செஞ்சீங்களா?"

"அப்படியே செஞ்சேன். கடைப்பக்கம் முகத்தைக்கூடத் திருப்பல," என்றார். குரலில் ஒரு தியாகியின் அடக்கம் இருந்தது.

அவள் நூலைக் கோத்து முடித்து, முடிச்சுப் போட்டாள்.

"நாலு நாள் ஒழுங்கா நடந்தீங்களேன்னு, இன்னிக்கு ஒரு ரொட்டி சாப்பிட்டுட்டு வாங்கன்னுதானே சொல்லியிருந்தேன்."

யோகேந்திரன் சுவரைப் பார்த்தார். சாப்பிட்டேன் என்றால் பொய் வெளியே வரும். சாப்பிடவில்லை என்றால் சொன்ன மாதிரி செய்யவில்லை. நடுவே ஒரு வழி இருக்கிறதா என்று யோசித்து, நீ அனுமதி கொடுத்தும் நான் கட்டுப்பாடாக இருந்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தார்.

"சட்டைப் பாக்கெட்டுக்குக் கீழ பருப்புக் கறி," என்றாள் அவள். "ஊற வைங்க. மஞ்சள் கறை லேசில போகாது."

திங்கட்கிழமையிலிருந்து பிரேமாவதி கூடவே நடந்தாள். முதல் நாள் அவள் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் அவர் மேட்டில் நின்றுவிட்டார். அவள் திட்டவில்லை. பக்கத்தில் வந்து நின்று, அண்ணனைப்போல உங்களையும் ஒரு வாசலில் நின்று பார்க்க என்னால் முடியாதுங்க என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள். அதற்குப் பிறகு அவர் எந்தச் சாக்கும் சொல்லவில்லை. மழை பெய்த அன்றுகூடக் குடையை அவரே எடுத்து வந்தார்.

ஆறாவது வாரம் கிளினிக்கில் எண் இறங்கியிருந்தது. ஊசி வேண்டாம் என்றார் மிஸ்ஸி. எப்படி இறங்கியது என்று கேட்டதற்கு, எல்லாம் சரியான சாப்ட்வேரைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது மிஸ்ஸி என்று யோகேந்திரன் தொடங்கி, நாலு சாப்ட்வேரின் குணங்களையும் விளக்கினார். தேர்ந்தெடுத்தது யார் என்பதைச் சொல்ல நேரமில்லை. பிரேமாவதி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் அவளே மருதம்மாள் கடையில் நிறுத்தச் சொன்னாள். யோகேந்திரனுக்குக் கண் கலங்கிவிட்டது. புருஷனின் உழைப்பைப் புரிந்துகொண்ட மனைவி எத்தனை பேருக்கு வாய்க்கிறாள் என்று நெகிழ்ந்தபடி, மேசையைத் தானே துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.

ஒரு ரொட்டி சானாயும் ஒரு தே தாரிக்கும் வந்தன. கூடவே, பாலும் சீனியும் இல்லாத தே ஓ ஒன்று. தே ஓ அவர் பக்கம் நகர்ந்தது. பிரேமாவதி ரொட்டியைப் பிய்த்து, கறியில் தோய்த்து, அவசரமே இல்லாமல் மென்றாள்.

"அப்ப எனக்கு?" என்றார் யோகேந்திரன்.

"எனக்குத்தாங்க சுகர் இல்ல," என்றாள் பிரேமாவதி.