கவாத்துக் கத்தியும் கிட்டார்க் கம்பியும்

துருவைத் தேய்க்க உட்கார்ந்த பொன்ராஜ் கிட்டார்க் கம்பியையே தேய்த்து அறுத்துவிட்டான்.

“என்னங்க சத்தம்?” என்றாள் பிலோமி, அடுப்படியிலிருந்து.

“ஒண்ணுமில்ல. மெல்லிசுக் கம்பி போச்சு.”

“எத வச்சுத் தேச்சீங்க?”

“கவாத்துக் கத்திக்குப் போடுற உப்புத்தாள்தான்.”

மீசை முளைத்த நாளிலிருந்து தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டுகிறவன். இரும்பைப் பராமரிக்க அவனுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். தேய், கிரீஸ் பூசு, ஆணியில் மாட்டு. மூணாற்றுப் பனியில் எலெக்ட்ரிக் கிட்டார்க் கம்பி துருப்பிடித்துக்கொண்டே இருந்தது. போன ஞாயிறு சர்ச்சுப் பூசையில் அது போட்ட கூச்சலைக் கேட்டுச் சாமியார் முகம் சுளித்தார்.

“திருவிழாப் பூசையிலயும் இப்படின்னா, இனிமே கீபோர்டு போதும் பொன்ராஜ். நீங்க கீழ உக்காந்து செபம் பண்ணுங்க.”

திருவிழா நாளைக்கு. வாரமெல்லாம் மலைச்சரிவில் குனிந்து கிடக்கிறவன் நிமிர்ந்து நிற்கிற ஒரே இடம் கோயில் மாடி, பாடகர் வரிசை. அதுவும் போனால் அவனுக்கு என்ன இருக்கிறது?

மிச்சக் கம்பிகளுக்குக் கிரீஸ் பூசினான். மீட்டினால் ஈரச்சாக்கை அடித்த மாதிரி கேட்டது. எல்லாவற்றையும் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கொதிக்கவைத்தான்.

“ஐயோ, நான் கொழம்பு வைக்கிற சட்டி!”

“கிரீஸ் போகணும்ல.”

கிரீஸ் போகத்தான் செய்தது, சட்டிக்கு. சுருண்டு கிடந்த கம்பிகளை நீட்டப்போனான். பட் பட்டென்று அறுந்தன.

“அதான் கைநெறையச் செடி இருக்கே, அத வெட்டுனாப் பத்தாதா ஒங்களுக்கு?” என்றாள் பிலோமி.

ஜீப்பைப் பிடித்து மூணாறு கடைக்கு ஓடினான்.

“மெல்லிசா, நடுத்தரமா, தடிமனா?” என்றார் கடைக்காரர்.

“எது அறாது?”

“தடிமன். ஆனா உங்க கிட்டார் தாங்குமாண்ணே? இழுவை ஜாஸ்தி.”

“தாங்காம? எங்க லயத்து வீட்டுல துணி காயப்போடுற கம்பியே இதவிடத் தடிமன்.”

மறுநாள் காலை கோயில் மாடியில் நின்று சுருதி சேர்த்தான். ஏறவில்லை. விறகுக்கட்டுக் கயிற்றை இறுக்குவதுபோல் முறுக்கினான். படார்! கம்பிகளைப் பிடித்திருந்த அடிக்கட்டை பிய்ந்து தெறித்தது. ஒரு கம்பிகூட மிஞ்சவில்லை.

கீழே பூசை மணி அடித்தது.

“அண்ணே, இப்ப என்ன பண்ண?” என்றாள் பாட்டுக்குழுத் தலைவி ஜோமோள்.

“நீ பாடு தாயி. நான் கையை மட்டும் ஆட்டுறேன்.”

வெறும் கட்டையை விரலால் வருடிக்கொண்டே பூசை முழுக்க நின்றான். கண் கலங்கிப் பீடம் தெரியவில்லை. அடுத்த வாரம் கீழே எந்தத் தூண் ஓரம் உட்காரலாம் என்று மனம் இடம் தேடிக்கொண்டிருந்தது.

பூசை முடிந்ததும், மணியடிக்கும் கோயில்பிள்ளை ஏசுரத்தினம் மூச்சிரைக்க மாடி ஏறி வந்தார். பொன்ராஜ் கிட்டாரை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

“சொல்லுங்க மாமா. சாமியார் என்னைக் கீழ வரச் சொன்னாரா?”

“கீழ எதுக்குலே? இங்கனயே நில்லு. சாமியாருக்கு ஒரே சந்தோசம். நீ இன்னைக்கு மாட்டுனது என்ன கம்பின்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு, இனிமே எப்பவும் அதையே போடணுமாம்.”